ஒரு வண்டி, ஒரு ப்ராசஸ்: பீம் விர்ச்சுவல் மெஷின் ரிவ்யூ

பள்ளி வேன், லாரி, தண்ணீர் டேங்கர் என்று வண்டிகளில் மாட்டும் ஜிபிஎஸ் கருவிகளுக்கு சர்வர் எழுதுவது என் வேலை. ஒவ்வொரு கருவியும் உள்ளே இருக்கும் சிம் வழியாக ஒரு டிசிபி இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, சில நொடிக்கொரு தரம் தான் இருக்கும் இடத்தைச் சொல்லும். சிக்னல் போனால் அறுந்துவிடும். வந்தால் மறுபடி கதவைத் தட்டும். பெரிய கணக்கெல்லாம் கிடையாது, இணைப்புகள்தான் எக்கச்சக்கம். இந்த மாதிரி வேலைக்கு எர்லாங், எலிக்ஸிர் என்ற இரண்டு மொழிகளின் புரோகிராம்களையும் ஓட்டும் மென்பொருளான பீம் மெஷினைத்தான் நான் யாருக்கும் சொல்வேன். சொல்லும்போதே அதன் குணக்கேடுகளையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

எர்லாங்கின் பூர்வீகம் சுருக்கமாக. ஸ்வீடனில் எரிக்சன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் மூவரும் 1980களின் நடுவில் தொடங்கிய வேலை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காகப் பிறந்தது. 1998இல் எரிக்சனின் ஒரு பிரிவே புதிய தயாரிப்புகளில் எர்லாங் வேண்டாம் என்று தடை போட்டது; அதே ஆண்டு டிசம்பரில் ஓப்பன் சோர்ஸாக வெளியே வந்தது. அந்தத் தடைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். இப்போது அப்பாச்சி 2.0 உரிமம், ஒரு பைசா செலவில்லை. மெசேஜ்களை வரிசையில் வைத்துக் கொடுக்கும் ராபிட்எம்க்யூ, சாட் சர்வரான இஜாபர்ட் எல்லாம் இதன் மேல்தான் ஓடுகின்றன. ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கினோம் என்று வாட்ஸ்அப் 2012இல் எழுதியதும் இதை வைத்துத்தான்.

விஷயம் ப்ராசஸில், அதாவது தனியாக ஓடும் ஒரு சின்ன வேலையில், இருக்கிறது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் ப்ராசஸ் வேறு, இது வேறு. புதிதாகப் பிறக்கும் ஒரு பீம் ப்ராசஸுக்கு 327 வேர்டு மெமரி போதும். 64 பிட் மெஷினில் சுமார் 2.6 கிலோபைட். அதனால் வண்டிக்கு ஒரு ப்ராசஸ் என்று யோசிக்காமல் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி ஹீப் (தரவு வைக்கும் மெமரி), தனி கார்பேஜ் கலெக்‌ஷன். ஒரு லாரியின் குப்பையை, அதாவது பயன்படாத மெமரியை, அள்ளுவதற்காக மற்ற வண்டிகள் நிற்க வேண்டியதில்லை.

அடுத்தது, எந்த ப்ராசஸ் எப்போது ஓடும் என்று முறை வைக்கும் ஷெட்யூலர். ஒரு ப்ராசஸுக்கு ஒரு முறைக்கு 4000 ரிடக்‌ஷன். ஒரு ஃபங்‌ஷன் கால் ஏறக்குறைய ஒரு ரிடக்‌ஷன். தீர்ந்ததும், என்ன அவசரமாக இருந்தாலும், இறக்கிவிட்டு அடுத்தவரை ஏற்றும். ரேஷன் கடைக் கணக்குதான்: கார்டுக்கு இவ்வளவு, வாங்கிக்கொண்டு நகரு. எவனோ ஒருவன் முடிவில்லாத லூப் எழுதிவிட்டாலும் மற்ற வண்டிகளின் புள்ளிகள் மேப்பில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் அதே லூப்பை எழுதினால், வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும் அந்த ஈவன்ட் லூப்பில் தொங்குகிற அத்தனையும் உறைந்துவிடும்.

எங்களிடம் ஒரு ரகக் கருவி உண்டு. பேட்டரி இறங்கினால் பாக்கெட்டின் நீளத்தைத் தப்பாக எழுதி அனுப்பும். அதைப் பிரிக்கப் போகும் ப்ராசஸ் செத்துவிடும், லாகில் நாலு வரி விழும், கருவி மறுபடி இணைந்துகொள்ளும். மற்ற வண்டிகளுக்கு இது நடந்ததே தெரியாது. ஆனால் இது சும்மா வராது. செத்த ப்ராசஸை மறுபடி எழுப்பும் சூப்பர்வைசரை உள்ளபடியே விட்டால் 5 நொடிக்குள் ஒரே ஒரு ரீஸ்டார்ட்தான் பொறுக்கும். இரண்டாவது சாவு அதே 5 நொடிக்குள் நடந்தால் சூப்பர்வைசரே விழும், கீழே இருக்கும் அத்தனை இணைப்பையும் கூட்டிக்கொண்டு. இணைப்பு ப்ராசஸ்களை ‘டெம்பரரி’ என்று குறித்துவிட்டால் இந்தக் கணக்கிலேயே அவை வராது. ‘விழட்டும் விடு’ என்று வீரமாகப் பேசும் அறிமுகக் கட்டுரைகளில் இந்த வரியைத் தேடிப் பாருங்கள், கிடைத்தால் அதிர்ஷ்டம்.

வேகம்? 2021இல் வந்த ஓடிபி 24இலிருந்து (எர்லாங் வெளிவரும் தொகுப்பின் பெயர் ஓடிபி) ஜேஐடி, அதாவது கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் பகுதி, இருக்கிறது. ஜாவாவை ஓட்டும் ஹாட்ஸ்பாட் மெஷின் ஓட ஓடப் பார்த்து, சூடான இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப மெருகேற்றும். பீம் அந்த வம்பு எதுவும் வைத்துக்கொள்வதில்லை. மாட்யூல் லோடு ஆகும்போதே மெஷின் கோடாக மாற்றிவிட்டு உட்கார்ந்துவிடும். முதல் நிமிடம் எப்படி ஓடுகிறதோ, அப்படியே பத்தாவது மணி நேரமும் ஓடும். எண்களை அரைக்கும் வேலையில் ஜாவாவிடம் நன்றாகவே தோற்கும். மேட்ரிக்ஸ் பெருக்க வேண்டும், படத்தைச் சுருக்க வேண்டும் என்றால் இங்கே வராதீர்கள். சி மொழியில் எழுதி, எர்லாங் நேராகக் கூப்பிடும் என்ஐஎஃப் ஆகச் சேர்க்கலாம்தான். ஆனால் அந்த சி கோடு ஒரு தரம் தப்பான மெமரியைத் தொட்டால் முழு விர்ச்சுவல் மெஷினும் காலி, மேலே சொன்ன பாதுகாப்பு ஒன்றும் உதவாது.

மெமரி விஷயத்தில் ஒரு கண்ணிவெடி. 64 பைட்டைத் தாண்டிய பைனரி (பைட்களின் தொடர்) ப்ராசஸின் சொந்த ஹீப்பில் இருக்காது, பொது இடத்தில் இருக்கும். யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கை மட்டும் ஓடும். கேமரா வைத்த கருவி அனுப்பும் பெரிய பாக்கெட்டிலிருந்து நூறு பைட் தலைப்பை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டால், அந்த நூறுக்காக முழு பாக்கெட்டும் மெமரியில் உட்கார்ந்திருக்கும். பைனரி மாட்யூலின் காப்பி ஃபங்‌ஷனில் ஒரு தரம் போட்டு எடுத்தால் சரி. ஆட்டம்களும் (கோடில் பெயராகப் பயன்படும் மாறிலிகள்) அப்படித்தான்: ஒரு தரம் பிறந்தால் அழியாது, உச்சவரம்பு 10,48,576. வெளியிலிருந்து வரும் எழுத்தை நேராக ஆட்டம் ஆக்கினால், மெஷினைச் சாகடிக்கும் சாவியை ஊரார் கையில் கொடுத்த மாதிரி.

தமிழ் ஸ்ட்ரிங் போட்டுப் பார்க்காமல் எந்த மெஷினையும் நான் விடுவதில்லை. எர்லாங் ஷெல்லில் ‘தமிழ்’ என்று கொடுத்தால், வேறெதுவும் அமைக்காத நிலையில், [2980,2990,3007,2996,3021] என்று திருப்பித் தரும். பழைய பாணி ஸ்ட்ரிங் வெறும் எண்களின் லிஸ்ட். எண்ணுக்கு 16 பைட் வீதம் 80 பைட். யூடிஎஃப்-8 பைனரியாக வைத்தால் 15தான். நீளம் கேட்டால் ஸ்ட்ரிங் மாட்யூல் 3 என்று ஒழுங்காகச் சொல்கிறது. ஓடிபி 20இலிருந்து இப்படி. எலிக்ஸிரில் ஸ்ட்ரிங் என்றாலே பைனரிதான், இந்தத் தொல்லையே இல்லை.

சர்வர் வாடகை கட்டுபவர்களுக்கு ஒன்று: வேலை இல்லாதபோதும் ஷெட்யூலர்கள் கொஞ்ச நேரம் சும்மா சுழன்று காத்திருக்கும். டாப் கமாண்டில் சிபியு நிஜத்தைவிட அதிகமாகத் தெரியும். கன்டெய்னரில் சிபியு அளந்து கொடுத்திருந்தால் இந்தக் காத்திருப்பை அணைத்துவிடுங்கள், அதற்கு ஃபிளாக் இருக்கிறது. பீம் சர்வர்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் 4369ஆம் போர்ட்டை இன்டர்நெட் பக்கம் திறந்து வைக்காதீர்கள்.

இவ்வளவையும் தாண்டி நான் இதை விடாததற்கு ஒரு காரணம், ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்குள்ளேயே ஷெல் திறந்து உட்காரலாம் என்பது. குறிப்பிட்ட ஒரு வேனின் ப்ராசஸை மட்டும் பிடித்து, அதன் மெசேஜ் வரிசையில் எத்தனை தேங்கியிருக்கிறது, கடைசியாக எந்த ஃபங்‌ஷனில் நின்றது என்று பார்த்துவிட்டு, திருத்திய மாட்யூலை அங்கேயே ஏற்றலாம். பழையது, புதியது என்று இரண்டு பதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். அப்படி ரிமோட் ஷெல்லில் நுழைந்தவர்கள் வெளியே வரும்போது பழக்கதோஷத்தில் க்யூ கமாண்டை அடித்துவிடாதீர்கள். அது உங்கள் ஷெல்லை மூடாது, அந்தப் பக்கம் ஓடும் சர்வரையே நிறுத்தும். கன்ட்ரோல்-ஜி அழுத்தி, அதன் பிறகு க்யூ.