மைக்ரோவேவ்ல கேக் பண்ணலாமா? 28 லிட்டர் கன்வெக்ஷன் மாடல் பத்தி என் அனுபவம்

கேக் பண்றதுக்கு மைக்ரோவேவ் போதுமா இல்ல தனியா ஓடிஜி (மேலயும் கீழயும் ராடு இருக்க சின்ன கரண்ட் ஓவன்) வாங்கணுமான்னு யோசிச்சிட்டு இருக்கவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன், வீட்டுக்கு மட்டும் பண்றவங்கன்னா கன்வெக்ஷன் மைக்ரோவேவ் தாராளமா போதும், ஆனா கேக் வைக்கும்போது அதுல இருக்க மைக்ரோ பட்டன் பக்கமே போகாதீங்க. கன்வெக்ஷன் மோடு, அதாவது உள்ள சூடான காத்து சுத்துற மோடு, அது தான் கேக்குக்கு. இந்த ஒரு விஷயம் தெரியாம தான் பாதி பேர் "மைக்ரோவேவ் கேக்னாலே ரப்பர் மாதிரி இருக்கும்"னு சொல்லிட்டு மெஷினை பால் சூடு பண்றதுக்கு மட்டும் வச்சிருக்காங்க, அதை பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமா இருக்கும்.

எங்க வீட்ல இருக்கிறது 28 லிட்டர் கன்வெக்ஷன் மாடல். கம்பெனி பேர் சொல்லல, ஏன்னா இந்த சைஸ்ல எந்த கம்பெனி எடுத்தாலும் உள்ள அமைப்பு கிட்டத்தட்ட ஒண்ணு தான், சுத்துற கண்ணாடி தட்டு, ஒரு குட்டை ஸ்டாண்ட், ஒரு உயர ஸ்டாண்ட், பின்னாடி ஃபேனும் ஹீட்டரும். கடையில சோலோ, கிரில், கன்வெக்ஷன்னு மூணு வகை இருக்கும். சோலோல மைக்ரோ மோடு மட்டும் தான், சூடு பண்ண, சாதாரணமா வேக வைக்க ஆகும். கிரில் மாடல்ல மேல ஒரு ராடு சிவக்கும், பனீர் டிக்காவுக்கு நல்லது, கேக்குக்கு அது ஆகாது. கன்வெக்ஷன்னு எழுதி இருந்தா மட்டும் தான் உள்ள சூடான காத்து சுத்தி ஓவன் மாதிரி வேலை செய்யும். கடைக்காரங்க சில பேர் கிரில் மாடலை காட்டி "இதுலயும் கேக் வரும் மேடம்"னு சொல்வாங்க, நம்பாதீங்க, டெம்பரேச்சர் செட் பண்ற வசதி இருக்கான்னு கேளுங்க, 180 டிகிரின்னு வைக்க முடியலன்னா அது கேக்குக்கான மெஷின் இல்ல.

மைக்ரோ மோடுல ஏன் சரியா வரல? மைக்ரோவேவ் அலை மாவுல இருக்க தண்ணியை தான் முக்கியமா சூடு பண்ணும், சுத்தி இருக்க காத்து சூடாகாது. அதனால கேக்கோட மேல் பக்கம் 100 டிகிரியை தாண்டி பெருசா போறதில்ல. நமக்கு தெரிஞ்ச அந்த பேக்கரி நிறமும் வாசமும் வரணும்னா மேல் பக்கம் 140 டிகிரிக்கு மேல போகணும். அது நடக்காததால கேக் வெளிறிப் போய், வேக வச்ச மாவு மணத்தோட வரும். இன்னொன்னு, அந்த அலை உள்ள ரெண்டு மூணு சென்டிமீட்டர் தான் நல்லா போகும், அதுவும் எல்லா இடத்துலயும் சமமா விழாது, தட்டு சுத்துறதே அதுக்காகத்தான். அப்போ ஓரம் வறண்டு போயிருக்கும், நடுவுல ஈரமா இருக்கும். மேல ஒரு தோல் கட்டாததால ஈரம் சீக்கிரம் போயிடும், சூடா இருக்கும்போது பஞ்சு மாதிரி தெரியுறது ஆறினதும் இறுகிடும், மறுநாள் கத்தியே இறங்காது.

மக் கேக் மட்டும் விதிவிலக்கு. நாலு டேபிள்ஸ்பூன் மைதா, ரெண்டு டேபிள்ஸ்பூன் கொக்கோ, மூணு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், நாலு டேபிள்ஸ்பூன் பால், ரெண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய், பெரிய மக்ல கலக்கி ஒரு நிமிஷத்துல இருந்து ஒன்னரை நிமிஷம். கப்ல பாதிக்கு மேல மாவு இருக்கக்கூடாது, பொங்கி வழிஞ்சிடும். ராத்திரி பத்து மணிக்கு பிள்ளைங்க ஸ்வீட் கேட்டா இதை விட வேகமா எதுவும் கிடையாது, ஆனா சூடா அப்பவே சாப்பிட்டுடணும். யூடியூப்ல பார்க்குற நேரம் பெரும்பாலும் 900 வாட் மெஷினுக்கு, உங்க சோலோ 700 வாட்டா இருந்தா கொஞ்சம் கூட ஆகும், அதை பார்த்துக்கோங்க.

இப்போ உண்மையான கேக்குக்கு வர்றேன். நான் அடிக்கடி பண்றது சாதா வெண்ணெய் கேக் தான், ஏன்னா ஒரு மெஷின் நல்லா இருக்கா இல்லையான்னு அதுல தான் தெரியும், சாக்லேட் கேக்ல நிறம் எல்லாத்தையும் மறைச்சிடும். மைதா 150 கிராம், வெண்ணெய் 150, பொடிச்ச சர்க்கரை 150, முட்டை 3, பேக்கிங் பவுடர் ஒன்னேகால் டீஸ்பூன், கொஞ்சம் பால், வெனிலா எசன்ஸ். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்து பொங்கி வர்ற வரைக்கும் அடிக்கணும், முட்டையை ஒண்ணு ஒண்ணா சேர்க்கணும், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த குளிர் முட்டை போட்டா திரிஞ்சு போகும். மைதா சேர்த்ததுக்கு அப்புறம் பீட்டரை எடுத்து வச்சிட்டு கரண்டியால மெதுவா மடிச்சு கலக்குங்க. இதெல்லாம் எந்த ஓவனுக்கும் பொது தான், ஆனா பாதி கேக் இந்த இடத்துலயே கெட்டுப் போகுது, பழி மட்டும் மெஷின் மேல விழுது.

டின் 7 இஞ்ச் அலுமினியம். இங்க தான் எல்லாருக்கும் பயம், "மைக்ரோவேவ்குள்ள உலோகம் வைக்கலாமா, பொறி பறக்காதா"ன்னு. எங்க கீழ் வீட்டு அக்கா கூட "ஏம்மா, வெடிச்சுடாதா?"ன்னு கேட்டாங்க. கன்வெக்ஷன் மோடுல மைக்ரோவேவ் அலையே வராது, வெறும் சூடு காத்து தான், அதனால அலுமினியம் டின் தைரியமா வைக்கலாம். மைக்ரோ மோடுலயும், அலையும் சூடு காத்தும் சேர்ந்து வர்ற காம்பி மோடுலயும் தான் கேக் டின்னை வைக்கக்கூடாது. இதுக்கு நேர் மாறா, மைக்ரோவேவ்ல வைக்கலாம்னு போட்டிருக்க பிளாஸ்டிக் டப்பாவை கன்வெக்ஷன்ல வச்சா உருகிடும், இது தான் உண்மையான ஆபத்து, வீட்ல வேற யாராவது மெஷினை தொடுவாங்கன்னா கட்டாயம் சொல்லி வைங்க. போரோசில் கண்ணாடியும் சிலிக்கான் மோல்டும் ரெண்டு மோடுக்கும் ஆகும், ஆனா கண்ணாடி சூடேற லேட் ஆகும், அடிப்பக்கம் வேக அஞ்சு பத்து நிமிஷம் கூட பிடிக்கும். எனக்கு அலுமினியம் தான் பிடிச்சது.

டின் வாங்குறதுக்கு முன்னாடி உள்ள அளந்துக்கோங்க. தட்டு சுத்தும்போது டின் எங்கயும் இடிக்கக்கூடாது, சதுர டின் மூலை இடிச்சு நிக்கும், பிரட் டின் நீளமா இருந்தாலும் அதே பிரச்சனை. 28 லிட்டர்ல 8 இஞ்ச் ரவுண்ட் வசதியா சுத்தும், கால் கிலோ மைதா கேக் வரைக்கும் போகலாம்.

ப்ரீஹீட், அதாவது கேக் வைக்கிறதுக்கு முன்னாடி மெஷினை சூடு பண்றது, அதை பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இந்த மெஷின்ல எனக்கு இருக்க பெரிய குறை அங்க தான். 180 வச்சு ஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரத்துல பீப் அடிச்சு ரெடின்னு சொல்லிடும், ஆனா உள்ள ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வச்சு பார்த்தா அப்போ 180 இருக்காது, காத்து மட்டும் கொஞ்சம் சூடாயிருக்கும், சுவரும் கண்ணாடி தட்டும் இன்னும் சூடேறி இருக்காது. அதனால பீப் அடிச்சதும் அப்படியே இன்னொரு அஞ்சாறு நிமிஷம் விட்டுடுவேன், குட்டை ஸ்டாண்டையும் உள்ளயே வச்சு சூடு பண்ணிடுவேன், அதுக்கு அப்புறம் கதவை திறந்து டக்குனு வச்சு மூடிடணும், உள் இடம் சின்னது, கதவு திறந்தா சூடு அவ்வளவும் வெளிய போயிடும். அந்த தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய் தான், மெஷினோட சேர்த்து அதையும் வாங்கிடுங்கன்னு தான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

வேக வைக்கும்போது 160 போதும். சாதாரண ஓவனுக்கு 180னு எழுதின ரெசிபியை ஃபேன் ஓடுற இதுக்கு அப்படியே எடுத்தா மேல சீக்கிரம் கறுத்து, நடுவுல கூம்பி வெடிச்சு, உள்ள மாவா நிக்கும். 15 இல்ல 20 டிகிரி குறைச்சுக்கோங்க. டின் கட்டாயம் குட்டை ஸ்டாண்ட் மேல தான், கண்ணாடி தட்டுல நேரா வச்சா கீழ காத்து போகாது. 25 நிமிஷம் வரைக்கும் கதவை திறக்காதீங்க, அதுக்கு மேல மேல்பக்கம் ரொம்ப சிவந்தா ஒரு ஃபாயில் பேப்பரை டின் மேல லேசா மூடி ஓரத்தை மடிச்சு விடுங்க, மடிக்கலன்னா ஃபேன் காத்துல பறந்து உள்ள போய் ஒட்டிக்கும். 35ல இருந்து 40 நிமிஷத்துல டூத்பிக் சுத்தமா வரும். நிறம் அழகான தேன் நிறம், நடுவுல பொடிப் பொடியா சீரான துளை, ரெண்டு மூணு நாள் வரைக்கும் மெத்துன்னு இருக்கு. பேக்கரியில வாங்குற வெண்ணெய் கேக் பக்கத்துல வச்சாலும் குறை சொல்ல முடியாது, இது நல்ல வெண்ணெய்ல பண்ணதுங்கிறதால வாசம் இன்னும் ஒரு படி மேல தான்.

ஆட்டோ குக் மெனுல கேக்னு ஒரு நம்பர் இருக்கும், அதை நம்ப வேண்டாம். உங்க டின் அளவு அதுக்கு தெரியாது.

இன்னொரு குறைன்னு பார்த்தா அடிச்சூடு இல்லாதது. ஓடிஜில மேலயும் கீழயும் ராடு இருக்கும், இதுல ஹீட்டர் பின்னாடி தான். கேக்குக்கு இது பெருசா தெரியாது, ஆனா பிரட், பீட்சா, பன் பண்றவங்களுக்கு அடிப்பக்கம் வெளிறியே நிக்கும். பிஸ்கட்டும் ஒரு தடவைக்கு ஒரு சின்ன தட்டு தான் போகும், பண்டிகைக்கு நிறைய பண்ணணும்னா பொழுதே போயிடும். கேக் ஆர்டர் எடுத்து விக்கணும்னு எண்ணம் இருக்கவங்க கண்ணை மூடிட்டு பெரிய ஓடிஜி வாங்குங்க, காசும் கம்மி, 10 இஞ்ச் டின்னும் போகும்.

இன்னொரு விஷயம் வாசம். ஒரே மெஷின்ல தான் மதியம் மீன் குழம்பு சூடு பண்றோம், சாயங்காலம் வெனிலா கேக் வைக்கிறோம், அந்த கவுச்சி கேக்ல ஏறிடும். ஒரு கிண்ணத்துல தண்ணி ஊத்தி எலுமிச்சம்பழத்தை வெட்டிப் போட்டு மைக்ரோல மூணு நாலு நிமிஷம் கொதிக்க விட்டு, உள்ள ஆவியா இருக்கும்போதே துணியால துடைச்சிட்டா போயிடும். அப்புறம் தான் ப்ரீஹீட்.

கரண்ட் செலவு எல்லாரும் கேப்பாங்க. கன்வெக்ஷன்ல தோராயமா 2000 வாட் இழுக்கும், ஆனா சூடு வந்ததும் விட்டு விட்டு தான் ஓடும், ப்ரீஹீட்டையும் சேர்த்து ஒரு கேக்குக்கு ஒன்னு, ஒன்னரை யூனிட்டுக்கு மேல போகாது. மாசத்துக்கு ரெண்டு கேக் போடுறதால பில் எகிறிடாது. ஆனா 16 ஆம்ப் பிளக் கட்டாயம் வேணும், சின்ன பிளக்ல அடாப்டர் போட்டு குடுத்தா சாக்கெட் கருகும். இன்வெர்ட்டர்ல ஓடாது, அதனால மின்தடைன்னு மெசேஜ் வந்த நாள்ல கேக் கலக்காதீங்க. முடிஞ்சதும் உள்ள ஃபேன் கொஞ்ச நேரம் தானா ஓடும், அது நிக்கிற வரைக்கும் சுவிட்சை அணைக்காம விட்டா மெஷினுக்கு நல்லது. பின்னாடியும் மேலயும் இடம் விட்டு வைங்க, அலமாரிக்குள்ள அடைச்சு வச்சா சூடு போக வழி இல்ல.

குக்கர் கேக் பண்றவங்க இதுக்கு மாறலாமான்னு கேட்டா, அடியில உப்பு கொட்டி, கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துட்டு பண்ற குக்கர் கேக்கை நான் குறைச்சு சொல்லவே மாட்டேன், நம்ம ஊர்ல எத்தனையோ பிறந்தநாள் அதுல தான் நடந்திருக்கு, உள்பக்கம் அருமையா வேகும். ஆனா சூடு கீழ இருந்து வர்றதால அடி பிடிக்கும், மேல நிறம் வராது, தீயை பார்த்துக்கிட்டே நிக்கணும். மாசத்துக்கு ஒரு கேக் கூட பண்ணாத வீடுன்னா குக்கரே போதும், கேக்குக்காக மட்டும் பதினஞ்சாயிரம் செலவு பண்ண வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு பிளம் கேக்கும் இதுலயே தான் பண்றேன். 150 டிகிரியில ஒரு மணி நேரத்துக்கு மேல போகும், ஃபேன் காத்துல மேல் தோல் காஞ்சு போகாம இருக்க பாதி நேரத்துக்கு அப்புறம் ஃபாயில் கட்டாயம், டின்னுக்கு உள்பக்கம் ரெண்டு அடுக்கு பட்டர் பேப்பர். பழம் ஊறுன சாறு இருக்கதால உள்ள ஈரம் நல்லா நிக்குது, ஒரு வாரம் வச்சு வெட்டினாலும் உதிரல. ஏற்கனவே வீட்ல கன்வெக்ஷன் மெஷின் வச்சிருந்து பால் மட்டும் சூடு பண்றவங்க முதல்ல அந்த குட்டை ஸ்டாண்டை தேடி எடுங்க, வாங்குன பெட்டியிலயே பிரிக்காம கிடக்கும்.