கார் பிரிட்ஜ்: நாலு வருஷம், ஒரு பிளக்

மச்சான் தேவகோட்டையிலிருந்து போன் பண்ணினார். “மாப்ள, நீங்க வச்சிருக்கீங்கள்ல அந்தக் கார் பிரிட்ஜ், அது இப்ப வெலை கொறஞ்சிருக்கு. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிஞ்சதும் மன்னவனூர்ல டென்ட் போட்டு ரெண்டு நாள் இருக்கலாம்னு ஒரு நெனப்பு. வாங்கவா, வேணாமா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க.”

ஒத்த வார்த்தையில் சொல்ல வரவில்லை. முந்தின நாள்தான் அந்தப் பெட்டியை ரிப்பேர் முடித்துக் காரைக்குடி வீட்டுத் திண்ணையில் இறக்கி வைத்திருந்தேன். நாலு வருஷமாக அது செய்த நல்லதும் இருக்கிறது, போன மே மாதம் என்னைக் கைவிட்டதும் இருக்கிறது. இரண்டையும் எழுதினால்தான் மச்சானுக்கும் நியாயம், பெட்டிக்கும் நியாயம்.

என்னுடையது 35 லிட்டர், கம்ப்ரஸர் உள்ளது, 60 வாட். வாங்கியபோது 27,500 ரூபாய். கம்பெனி பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகிற குறை ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை; இந்த வகைப் பெட்டிகளில் நிறைய, காரின் சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகுகிற இதே பிளக்கோடுதான் வருகின்றன.

குளிர்ச்சியில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சித்திரை வெயிலில், ஸ்டியரிங்கைத் தொட முடியாத சூட்டில், 3 டிகிரி வைத்தால் 3 டிகிரியில் நிற்கிறது. திரையில் வருவது சென்சார் இருக்கிற இடத்தின் கணக்குதானே என்று, ஒரு டம்ளர் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரைப் போட்டு ராத்திரி முழுக்க உள்ளே வைத்தும் பார்த்தேன். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லை. ஆனால் இடம் அறிந்து அடுக்க வேண்டும். அடியில் சுவரை ஒட்டி வைத்த முட்டை ஒருமுறை உறைந்து ஓடு விரிந்துவிட்டது. கம்ப்ரஸருக்கு மேலே ஒரு திட்டு இருக்கும், அங்கே அவ்வளவு குளிர் ஏறாது. தயிர், தக்காளி, மல்லித்தழை எல்லாம் அங்கேதான். கறி, மீன் அடியில். கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே வீட்டுக் கரண்டில் போட்டு, சாமானையும் வீட்டு பிரிட்ஜில் குளிர வைத்து, அதன்பிறகு மாற்ற வேண்டும். சூடான குழம்பை உள்ளே வைத்துவிட்டு ‘குளிரவே மாட்டேங்குது’ என்று திட்டுவது நியாயமில்லை.

இந்தப் பெட்டியை நான் கும்பிடாத குறையாக வைத்திருப்பதற்குக் காரணம் டென்ட் அல்ல, தைப்பூசம். குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிற கூட்டத்துக்குப் பின்னால் சாமான் வண்டி ஓட்டுவது ஒவ்வொரு வருஷமும் என் வேலை. சிங்கம்புணரி தாண்டி நத்தம் போகிற வழியில், தை மாதமானாலும் உச்சி வெயிலில் தார் ரோடு கொதிக்கும். காலில் கொப்புளம் வெடித்து உட்கார்ந்திருக்கிறவரிடம், 4 டிகிரியில் இருந்து எடுத்த மோரை, இஞ்சி கறிவேப்பிலை தட்டிப் போட்டது, ஒரு செம்பு நீட்டினேன். அவர் செம்பை வாயில் வைக்கவில்லை. இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றி ஒற்றிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். 27,500 ரூபாய் அந்த இடத்தில் கழிந்துவிட்டது.

மோரைவிடப் பெரிய விஷயம் இன்சுலின். நடக்கிறவர்களில் சர்க்கரைக்காரர்கள் எத்தனையோ பேர். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. ஐஸ் பாக்ஸில் ஐஸ்கட்டியை ஒட்டிப் போட்டால் உறைந்து வீணாகிவிடும். முதல் வருஷம் இரண்டு பேர் கொடுத்து வைத்தார்கள். இந்த வருஷம் பதினோரு பேருடையது, பெயர் எழுதி ஒட்டிய டப்பாக்களில், அந்தத் திட்டின் மேல் வரிசையாக இருந்தது. பெட்டியை 5 டிகிரியில் வைத்து, மணிக்கு ஒருமுறை திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

ஏன் மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டியிருந்தது? அந்தப் பிளக்கால்தான்.

காரில் சிகரெட் லைட்டர் ஓட்டை இருக்கிறதே, அது சில விநாடி ஒரு கம்பியைச் சூடாக்கி எடுப்பதற்காக வந்தது. நாள் முழுக்க 5 ஆம்பியர் ஓடுவதற்காக யாரும் அதைச் செய்யவில்லை. நுனியில் ஒரு ஸ்பிரிங், பக்கத்தில் இரண்டு தகடு, அவ்வளவுதான் பிடிமானம். ரோடு குலுங்கக் குலுங்க ஸ்பிரிங்கே பிளக்கை வெளியே தள்ளும். தொடுகிற இடம் குறைந்தால் அந்த இடம் சூடாகும், சூட்டில் பிளாஸ்டிக் இளகும், இளகினால் இன்னும் தளரும். இத்தனை ஆயிரம் ரூபாய்ப் பெட்டியின் உயிரை இந்தத் துண்டில் கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கிறார்களே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும்.

மே மாதம் மன்னவனூர் போனோம். முந்தின நாள் சாயங்காலம் தொண்டிக்குப் போய் இரண்டு கிலோ அயிலையும் ஒரு கிலோ நண்டும் வாங்கி, சுத்தம் பண்ணி, மஞ்சள் தடவி, டப்பாவில் அடைத்து அடியில் வைத்தாயிற்று. விடியக்காலை ஐந்து மணிக்குக் கிளம்பும்போது 3 டிகிரி. திண்டுக்கல்லில் சாப்பிட நிறுத்தி ஒரு மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்து பார்த்தால் திரையில் எஃப்1 என்று நின்றது. வோல்டேஜ் குறைவு என்று அதற்கு அர்த்தம். எஞ்சினைப் போட்டதும் ஓடத் தொடங்கியது, நானும் விட்டுவிட்டேன். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறி, கொடைக்கானலில் நெரிசலில் மாட்டி, பூம்பாறை வழியாக மன்னவனூர் சேர இரண்டு மணி தாண்டிவிட்டது. டிக்கியைத் திறந்தால் திரையில் வெளிச்சமே இல்லை. பிளக் அரை விரல் வெளியே வந்திருந்தது. கையில் எடுத்தேன். நுனியைச் சுற்றியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் மெழுகுபோல ஒரு பக்கம் சாய்ந்து, விளிம்பு பழுப்பேறி, கருகின வாடை அடித்தது. உள்ளே தெர்மாமீட்டர் 17 காட்டியது.

கூட வந்தவர் ஒருவர், “காரமா மசாலா போட்டு முறுக வறுத்தா ஒண்ணும் தெரியாதுண்ணே” என்றார். தெரியாதுதான், அதுதான் பயம். அயிலை வகை மீன் குளிர் இல்லாமல் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்கிற நஞ்சு உண்டாகும், எண்ணெயில் எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. 5 டிகிரிக்கு மேலே 60 டிகிரி வரை கிருமிக்குத் தோதான சூடு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதில் இருந்த கறி, மீனைத் தொடக்கூடாது. 32 டிகிரிக்கு மேலான வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. எங்களோடு நாலு குழந்தைகள். காட்டுமாடும் பன்றியும் வருகிற இடம் என்பதால் கூடாரம் போடுகிற இடத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சொல்லி, தள்ளிப் போய் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். ராத்திரி சோற்றுக்கு அப்பத்தா கொடுத்துவிட்ட உப்புக்கண்டத்தைத்தான் நல்லெண்ணெயில் வறுத்தோம். உப்பும் வெயிலும் தண்ணியை உறிஞ்சிவிட்ட கறி. அதற்குப் பிளக்கும் வேண்டாம், ஒயரும் வேண்டாம். குழந்தைகள் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

ஊருக்கு வந்து கம்பெனி சர்வீஸுக்குப் போன் பண்ணினேன். எஃப்1 என்று சொன்னதும், பெட்டியைப் பார்க்காமலே, “போர்டு போயிருக்கும் சார், மாத்தணும், 8,500 ஆகும்” என்றார்கள். வீட்டுக் கரண்டில் ஒழுங்காக ஓடுகிறதே என்றேன். அதற்குப் பதில் இல்லை. பிளக் உருகியதைப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்கும் இல்லை.

செக்காலை ரோட்டுப் பக்கம் கார் வயரிங் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெட்டியின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. மீட்டரை எடுத்து, எஞ்சினை அணைத்து, கம்ப்ரஸரை ஓடவிட்டு, பேட்டரியில் வைத்தார்: 12.4 வோல்ட். டிக்கியில் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் வைத்தார்: 11.5. “தம்பி, வழியிலேயே ஒரு வோல்ட் தின்னுருது” என்றார்.

நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பேட்டரியிலிருந்து டிக்கிக்கு ஐந்து மீட்டர், போக வர பத்து மீட்டர். 1 ஸ்கொயர், அதாவது 1 சதுர மில்லிமீட்டர் பருமன் உள்ள செம்பு ஒயரில் 5 ஆம்பியர் அத்தனை தூரம் ஓடினால் 0.86 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். கார் பேட்டரி முழுக்க இறங்கி வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகக்கூடாது என்று பெட்டிக்குள் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். என்னுடையதில் ‘ஹை’ என்று வைத்தால் 11.8-க்குக் கீழே அணைந்துவிடும். பேட்டரியில் இன்னும் சக்தி இருக்கும்போதே, பேட்டரி காலி என்று பெட்டி நினைத்துக்கொள்கிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்ணுகிற ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் பக்கம் கொடுப்பதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. டீக்கடையில் நிறுத்தினால் அணைவதும், கிளம்பினால் ஓடுவதும் இதனால்தான். நாலு வருஷம் எனக்கு இது புரியவில்லை. பெட்டியோடு வந்த புத்தகத்தில் ஒயர் பருமன் பற்றி ஒரு வரி இல்லை.

அவர் செய்தது இவ்வளவுதான். பேட்டரி டெர்மினலை ஒட்டி 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 6 ஸ்கொயர் ஒயர் நேராக டிக்கிக்கு, முனையில் ஆண்டர்சன் கனெக்டர். அது இரண்டு பாதியும் ஒன்றுக்குள் ஒன்று கவ்வி நிற்கும், குலுக்கினால் கழலாது. ஃபியூஸ் பேட்டரி பக்கம்தான் இருக்க வேண்டும், நடுவழியில் ஒயர் உரசித் தகட்டில் பட்டால் அதுதான் தீப்பிடிக்காமல் காப்பாற்றும் என்று இரண்டு தடவை சொன்னார். எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். மறுபடி மீட்டர் வைத்தோம்: பெட்டியில் 12.2. அன்று ராத்திரி வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்தே பத்து மணி நேரம் ஓடவிட்டேன். காலையில் 4 டிகிரி, வண்டியும் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. மலைமேல் குளிரில் கம்ப்ரஸர் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஓடும் என்று வைத்தால் பத்து மணி நேரத்துக்கு 17 ஆம்பியர்-ஹவர் பக்கம் போகும். 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரி தாங்கும். பகலில், கீழே, நம்மூர் வெயிலில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே தனி பேட்டரி இல்லாமல் நிறுத்தி வைக்காதீர்கள்.

மச்சான் இன்னொன்றும் கேட்டார், நாலாயிரம் ஐயாயிரத்துக்கு வருகிறதே அந்தக் கார் பிரிட்ஜ் எப்படி என்று. அது பெல்டியர்; கம்ப்ரஸர் கிடையாது, கரண்ட் ஓடினால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகிற ஒரு தகடுதான். வெளிச்சூட்டைவிட 15, 20 டிகிரி குறைக்கும், அதற்கு மேல் அதனால் முடியாது. காரைக்குடியில் 40 அடிக்கும்போது உள்ளே 20-க்கு மேலே இருக்கும், பால் திரிந்துவிடும். அதில் கறி, மீன் வைக்கவே கூடாது. கொடைக்கானல் குளிரில் அது நன்றாக வேலை செய்யும், அங்கே அது தேவையில்லை.

ஐஸ் பாக்ஸ் அப்படியல்ல. ஒரு கிலோ ஐஸ் உருகி முடிய 334 கிலோஜூல் சூட்டை இழுக்கும். உருகின அதே ஒரு கிலோ தண்ணீர் 4 டிகிரிக்கு ஏற 17 கிலோஜூல்தான் இழுக்கும். கட்டி இருக்கும்வரைதான் குளிர். அதனால் ஐஸ் பாரை உடைக்காமல் பெரிய துண்டாகவே வையுங்கள், மீன் டப்பா தண்ணீரில் மிதக்காமல் மேலே ஒரு தட்டு போட்டு அடுக்குங்கள்.

மச்சானுக்கு என் பதில் இதுதான்: வாங்க வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு நாள் டென்ட் போடுகிறவர் அந்தப் பிளக்கோடு ஒரு பெட்டியை வாங்கி, என்னைப்போல மூன்று கிலோ மீனைப் புதைக்க வேண்டாம். ஒரு நல்ல ஐஸ் பாக்ஸ், வழியில் ஐஸ் கம்பெனியில் ஒரு பார், முதல் நாளே கறியைச் சமைத்துவிடுவது, மறுநாளுக்கு உப்புக்கண்டமும் புளிச்சோறும். போதும். நல்ல பொருளை இப்படி அரைகுறையாக விற்கிறவர்களுக்கு என் மச்சான் காசும் போக வேண்டாம்.

என் பெட்டியை விற்கிறீர்களா என்று மறுநாள் கேட்டார். தரமாட்டேன் என்றேன். தைப்பூசத்துக்கு அது எனக்கு வேண்டும். மன்னவனூருக்கு இரவல் கொண்டு போங்கள் மச்சான், ஆனால் அதற்கு முன் உங்கள் வண்டியைச் செக்காலை ரோட்டுக்கு ஒரு காலை கொண்டு வாருங்கள். அந்த 6 ஸ்கொயர் ஒயரை இழுத்து முடித்த பிறகுதான் பெட்டியை ஏற்றுவேன்.