காரைக்குடி பக்கம் மொட்டைமாடி நட்சத்திர ஷோ: காசு செல்லுமா?

மொதல்லயே சொல்லிடுறேன், தாராளமா போகலாம். தலைக்கு 600 ரூபா, டிபனும் அதுலயே சேத்தி, அந்தக் காசுக்குக் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஷோல பேசுன விஷயத்துல எனக்கு ஒரு சண்டை இருக்கு, அதத்தான் நீளமா எழுதப் போறேன். பொறுமை இல்லாதவங்க நேரா கடைசிக்குப் போயிடுங்க.

ஹோட்டலா மாத்துன பழைய நகரத்தார் வீடு, காரைக்குடியிலருந்து கார்ல கொஞ்ச நேரந்தான், பேரு போடல. கீழ முத்தத்துல உக்கார வச்சு பேச்சு, அப்புறம் மாடில டெலஸ்கோப். அன்னைக்கு டாபிக் என்னன்னா, தன்னோட சூரியனுக்கு ஒரே மூஞ்சியக் காட்டிக்கிட்டு சுத்துற கிரகத்துல மனுஷன் குடித்தனம் பண்ண முடியுமா, இல்ல விண்வெளியிலயே ஊர் கட்டிக்கலாமா.

நடத்துற தம்பி நல்லாப் பேசுறாரு. இப்பிடி ஒரே மூஞ்சியக் காட்டிச் சுத்துறதுக்குப் பேரு டைடல் லாக்கிங், அப்பிடின்னா என்னன்னு கேட்டதுக்கு படம் எதுவும் போடல, எந்திரிச்சு முத்தத்து நடுவுல ஒரு விளக்கை வச்சு பிரதட்சணம் பண்ணிக் காமிச்சாரு. கோயில்ல பிரகாரம் சுத்துறப்ப வலது கை எப்பவும் சாமி பக்கமே இருக்குல்ல, ஒரு சுத்து முடியறப்ப நீங்களும் உங்களையே ஒரு தடவை சுத்தி முடிச்சிருப்பீங்க, அவ்வளவுதான்னாரு. சின்ன நட்சத்திரத்துக்கு வெளிச்சம் கம்மி, அதனால குளிர் காய கிரகம் கிட்டக்கயே இருக்கணும், கிட்டக்க இருந்தா ஈர்ப்பு விசை இழுத்து இழுத்தே கிரகம் தானா சுத்துற வேகத்துக்கு பிரேக் போட்டுரும்னு சொன்னது சின்னப் பிள்ளைக்கும் புரிஞ்சிருக்கும். புதனும் இப்பிடித்தானான்னு ஒரு பையன் கேட்டான், 1965ல ரேடார் வச்சுப் பாக்குற வரைக்கும் விஞ்ஞானிகளே அப்பிடித்தான் நெனச்சாங்க, நிஜத்துல அது ரெண்டு தடவை சூரியனைச் சுத்துறதுக்குள்ள மூணு தடவை தன்னைச் சுத்திக்குதுன்னாரு. சபாஷ்.

செமையா இருந்தது ஒரு ஆச்சி கேட்ட கேள்விதான். நம்ம சூரியனுக்கு ரொம்பக் கிட்டக்க இருக்குற நட்சத்திரம் பிராக்சிமா, அதைச் சுத்துற கிரகம் பிராக்சிமா பி, 2016ல கண்டுபிடிச்சது, 4.24 ஒளியாண்டு தூரம், அங்க ஒரு வருஷம் நமக்கு 11 நாள் சொச்சம்னு தம்பி சொன்ன உடனே ஆச்சி, "அப்ப அறுபதாங்கல்யாணம் எப்ப தம்பி வைக்கிறது?"ன்னு கேட்டாக. கணக்குப் போட்டா பிள்ளைக்கு ரெண்டு வயசு முடியறதுக்குள்ளயே வந்துருது! வளவு பூரா சிரிப்பு. விடியவும் விடியாது, பொழுதும் சாயாது, நட்சத்திரம் நம்ம சூரியனை விட மூணு மடங்கு அகலமா ஒரே எடத்துல நிக்கும்னு தம்பி சொல்லவும், "அப்ப நல்ல நேரமும் இல்ல, ராகு காலமும் இல்ல, நிம்மதி"ன்னு முடிச்சுட்டாக.

இதுக்கு அப்புறந்தான் கொஞ்சம் வியாபாரம் ஆரம்பிச்சுது. பகல் பக்கத்துக்கும் இருட்டுப் பக்கத்துக்கும் நடுவுல மாலை வெயில் மாதிரி ஒரு வளையம் இருக்கும், அதுல ஊர் ஊரா கட்டிக்கலாம்னு தம்பி பிளாட் விக்கிற கணக்கா பேசுறாரு. காத்து கொஞ்சம் கனமா இருந்தா சூட்டை இருட்டுப் பக்கம் கொண்டு போயிரும், மொத்தக் காத்தும் அங்க உறைஞ்சு விழாதுன்னு 1997லயே கணக்குப் போட்டுக் காமிச்சிருக்காங்க, அதை மறுக்கல. ஆனா அந்தக் காத்து அங்க தங்கணுமே? 2016 மார்ச்ல பிராக்சிமா ஒரு தடவை வெடிச்சப்ப கொஞ்ச நேரம் வெறுங்கண்ணுக்கே தெரியிற அளவு பிரகாசமாச்சு, 11 நாள்ல சுத்தி வர்ற தூரத்துல நிக்கிற கிரகம் அதை எத்தனை தடவை வாங்கியிருக்கும். 40 ஒளியாண்டு தள்ளி டிராப்பிஸ்ட்-1ங்கிற நட்சத்திரத்தைச் சுத்தி ஏழு கிரகம்னு 2017ல வந்த சேதியச் சொல்லி கைதட்டு வாங்குனாரு, 2023ல ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப்ல பாத்தப்ப உள்பக்கத்து ரெண்டு கிரகத்துலயும் கனமான கார்பன் டை ஆக்சைடு காத்து தெரியலங்கிறதச் சொல்லல. மத்த கிரகம் எப்பிடியோ, கஸ்டமர்ட்ட ரெண்டையும் சொல்லணும்ல.

என் சண்டையே வேற. வாயேஜர் 1ங்கிற விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் போகுது, அந்த வேகத்துல பிராக்சிமா போக 70,000 வருஷத்துக்கு மேல ஆகும். பத்து மடங்கு வேகமாப் போனாலும் தலைமுறை தலைமுறையா கப்பல்லயேதான் பொறந்து கல்யாணம் பண்ணி சாகணும். அப்ப மூடுன கூட்டுக்குள்ள வாழத் தெரிஞ்சாத்தான் அந்தக் கிரகத்துக்கே போக முடியும், அது தெரிஞ்சுருச்சுன்னா அந்த வெடிக்கிற நட்சத்திரத்துக்கிட்ட எதுக்குப் போகணும்? இதுதான் மெயின் மேட்டர், தம்பி இதுக்கு ஒதுக்குனது பத்து நிமிஷம் கூட இருக்காது. 1975ல நாசா ஆய்வுல வந்த ஸ்டான்ஃபோர்ட் டோரஸ்ங்கிற விண்வெளி ஊர், 10,000 பேருக்கு, 1.8 கிலோமீட்டர் குறுக்களவுல ஒரு வளையம், நிமிஷத்துக்கு ஒரு சுத்து, அதுலயே நம்ம எடை வந்துரும்னு ஒரு படம் போட்டுட்டு டிபனுக்குக் கூப்புட்டுட்டாரு.

பயோஸ்ஃபியர் 2 பத்தி ஒரு வார்த்தை இல்ல. 1991ல அரிசோனால எட்டுப் பேரை கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள ரெண்டு வருஷம் பூட்டி வச்சாங்க, செடி கொடி எல்லாம் உள்ள இருந்தும் ஆக்சிஜன் 21 சதவீதத்துலருந்து 14 சொச்சத்துக்கு எறங்கி, கடைசில வெளிய இருந்து ஏத்த வேண்டியதாப் போச்சு. மண்ணுல இருந்த நுண்ணுயிரு ஆக்சிஜனைத் தின்னு கார்பன் டை ஆக்சைடா விட்டுச்சு, அதை செடிக்குக் கெடைக்க விடாம கான்கிரீட் சுவரு குடிச்சிருச்சு. சுண்ணாம்பு காத்துல இருந்து அதை உறிஞ்சித்தான இறுகும்! முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்ச செட்டிநாட்டு சுவத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு பேசுறாரு, அந்த சுவத்துலயே கைய வச்சு இதைச் சொல்லியிருக்கலாம். நம்ம ஊர் கொத்தனாருக்கு ஒரு நொடில புரியும். இதவிட நல்ல எடம் எங்க கெடைக்கும்?

டிபன் பிரமாதம். வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்த் துவையல், கவுனி அரிசி. காபிதான் தண்ணி.

மாடி நல்லா இருந்துச்சு. எட்டு இஞ்ச் டாப்சோனியன் டெலஸ்கோப், வரிசை நகர லேட்டாகும். பாதி நிலால குழி எல்லாம் நிழலோட தெளிவாத் தெரிஞ்சுது, நிலா பூமிக்குத்தான் லாக், சூரியனுக்கு இல்ல, அதனால அங்க பகல் ரெண்டு வாரம் ராத்திரி ரெண்டு வாரம்னு தம்பி பிரிச்சுச் சொன்னது உருப்படி. பத்து மணிக்கு மேல தெக்கால ஆல்ஃபா செண்டாரி நட்சத்திரம் தாழ்வா வந்துச்சு, டெலஸ்கோப்ல ரெண்டாப் பிரிஞ்சு தெரியுது. பிராக்சிமா அதுக்குப் பக்கத்துலதான், ஆனா வெறுங்கண்ணுக்கு அகப்படாது. எரிச்சல் என்னன்னா, ஹோட்டல் முகப்புல சீரியல் லைட்டை அணைக்கல, கேட்டா கெஸ்ட் போட்டோ எடுப்பாங்கங்கிறாங்க. நட்சத்திரம் பாக்கக் கூப்புட்டுட்டு இது என்ன நியாயம்?

போறவங்களுக்கு: டெல்லில, சென்னைல இருந்து சொந்தக்காரங்க வந்தா மே மாசத்துல கூட்டிட்டுப் போங்க, பௌர்ணமிய ஒட்டி வேணாம். முன்னாடியே போன் பண்ணிட்டு அன்னைக்கு என்ன டாபிக்னு கேட்டுக்கங்க. மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கந்தான், பெரியவங்களுக்கு நாற்காலி கேட்டா மேல கொண்டாந்து போடுறாங்க. அஞ்சுக்கு மூணரை ஸ்டார். பயோஸ்ஃபியரைச் சேத்துட்டு லைட்டையும் அணைச்சா நாலரை.