கட்டிங் பிளேயர் மாதிரி ஒரு கால் நகவெட்டி: ஆறு மாசம் யூஸ் பண்ணதுக்கு அப்புறம் எழுதுறேன்

அப்பாவோட கட்டைவிரல் நகத்துக்காகத்தான் இத வாங்குனேன். 71 வயசு, நகம் மஞ்சளாகி தடிச்சு கொட்டாங்குச்சி மாதிரி ஆயிருச்சு, சாதா நகவெட்டியோட வாய்க்குள்ளயே போகாது. அவரு பாட்டுக்கு ஷேவிங் பிளேட பாதியா ஒடச்சு செதுக்கிட்டு இருப்பாரு. சுகர் இருக்கற மனுஷன். ஒரு நாள் ரத்தத்த துண்டுல தொடச்சிட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி பேப்பர் படிச்சிட்டு இருந்தாரு, அன்னைக்கு நைட்டே ஆர்டர் போட்டேன். 380 ரூபா.

ரெண்டு கைப்பிடி, நடுவுல ஸ்பிரிங், குட்டியா கூரான வாய். சாதா நகவெட்டில வாய் வளைஞ்சு இருக்கும்ல, கைநகத்துக்கு ஓகே, ஆனா கால்ல அதே வளைவுல வெட்டுனா ஓரம் ரெண்டும் உள்ள எறங்கிரும், அப்புறம் வளரும்போது சதைக்குள்ள குத்தி வீங்கி சீழ் வெச்சிரும். இதுல நேரா, கொஞ்சம் கொஞ்சமா கடிச்சுக்கிட்டே போலாம். மொத தடவ நான் ஒரே கடில முடிக்கலாம்னு அமுக்குனேன், நகம் வெடிச்சு துண்டு பறந்து போய் டிவி கண்ணாடில டிங்குனு அடிச்சுது. "டேய், கண்ணுல பட்டிருந்தா?"ன்னாரு அப்பா. நியாயம்தான்.

அடுத்த தப்பு என் கால்லயே. ஈசியா வெட்டுதேன்னு ஓரத்த தோண்டிட்டேன், ஒரு வாரம் ஷூ போட முடியல. நுனில கொஞ்சம் வெள்ளை விட்டுட்டுதான் வெட்டணும், ஓரத்துல சொரசொரன்னு இருந்தா அரத்தால தேச்சா போதும், தோண்டவே கூடாது.

இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை காலைல அவரு குளிச்சிட்டு வந்த உடனே உக்கார வெச்சிருவேன், நகம் ஊறி இருக்கும், வெடிக்காது. டப்புல சுடுதண்ணி வெச்சு கால ஊற வெக்கறதெல்லாம் சுகர் காரங்களுக்கு வேணாம், சூடு தெரியாம கொப்புளமே வந்துரும். விரல் இடுக்கு ஒவ்வொண்ணையும் துண்டால ஒத்தி எடுக்கணும், அங்க ஈரம் நின்னாதான் சேத்துப்புண் வருது. வெடிப்புக்கு தேங்காண்ண குதிகால்ல மட்டும் தடவுவேன், இடுக்குல தடவ மாட்டேன். அந்த சாக்குல பாதத்த திருப்பி காயம் கீயம் இருக்கான்னு பாத்துருவேன், குனிஞ்சு பாக்க அவரால முடியாது.

முக்கியமான விஷயம், வாங்குன உடனே வெட்டல. டாக்டர் மொதல்ல நைலான் இழை மாதிரி ஒண்ண பாதத்துல அங்கங்க வெச்சு அழுத்தி தெரியுதான்னு கேட்டாரு, உணர்ச்சி சரியா இருக்கு, நீங்களே வெட்டலாம்னு சொன்னதுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சேன். கால் மரத்துப் போனவங்க, ரத்த ஓட்டம் கம்மியா இருக்கறவங்க வீட்டுல இருந்தா தயவு செஞ்சு இத வாங்காதீங்க, டாக்டர்கிட்டயே போங்க. அப்பாவுக்கு இருக்கறது பூஞ்சையாம், மருந்து போயிட்டு இருக்கு. கால் நகம் மாசத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கிட்டதான் வளருது, கட்டைவிரல் நகம் முழுசா மாற ஒரு வருஷத்துக்கு மேல ஆகும், அதுவரைக்கும் இதுதான் கதி.

கொறைன்னா, கூட குடுத்த அரம் சுத்த வேஸ்ட், ரெண்டே வாரத்துல மழுங்கிருச்சு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு போட்டிருக்கு, ஆனா ஸ்பிரிங்ல துரு புடிக்குது, சோப்பு போட்டு கழுவி நல்லா தொடச்சு ஸ்பிரிட் தடவி வெச்சும்கூட. மூக்குக்கு ஒரு மூடி குடுத்திருக்கலாம், டிராயர்ல கைய விட்டா குத்துது. அதுக்கு ஒரு ஸ்டார் கட், நாலு குடுக்கறேன். நகம் நார்மலா இருக்கறவங்களுக்கு இது தேவையே இல்ல, நேரா வாய் வெச்ச பெரிய சைஸ் நகவெட்டியே போதும்.

பூஞ்சை ஒட்டிக்கும்கறதால அப்பாவோடத இப்ப வேற யாரும் யூஸ் பண்றதில்ல, நானும்தான். அம்மாவுக்கு தனியா ஒண்ணு ஆர்டர் போட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை டெலிவரியாம், அன்னைக்கு அது கவர விட்டு வெளிய வராது.