எஃப்டி ஆர்எக்ஸ்-7: இரட்டை டர்போவைச் சரிசெய்வதா, எளிமையாக்குவதா, ஒற்றை டர்போவுக்கு மாறுவதா?

மாஸ்டாவின் இரட்டை டர்போ ஸ்போர்ட்ஸ் காரான ஆர்எக்ஸ்-7 எஃப்டி வைத்திருப்பவர்களிடம் "4,500 ஆர்பிஎம் தாண்டினால் பூஸ்ட் விழுகிறது" என்று சொன்னால் மூன்று விதமான பதில் வரும் (டர்போ என்பது எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி, பூஸ்ட் என்பது அந்தக் காற்றின் அழுத்தம்). ஹோஸ்களை மாற்றிப் பழையபடி கொண்டுவா என்பார் ஒருவர். டர்போக்களை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கும் அந்தச் சீக்குவென்ஷியல் சிக்கலையே எடுத்துவிட்டு இரண்டு டர்போவையும் ஒன்றாகச் சுற்ற விடு என்பார் இன்னொருவர். இரண்டையும் கழற்றிவிட்டு ஒரே பெரிய டர்போ மாட்டிவிடு என்பார் மூன்றாமவர். மூன்று வேலையும் வீட்டு கராஜில், பொறுமையும் நல்ல ஸ்பானர் செட்டும் இருந்தால் செய்யக்கூடியவைதான்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாலையில் ஓட்டும் காருக்கு முதல் வழிதான் சரி. பழுது எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒரே காரணத்துக்காகப் பல பேர் இரண்டாவது, மூன்றாவது வழிக்குப் போகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவர்கள் கழற்றி எறிவது இந்தக் காரின் சிறப்புகளில் ஒன்றை.

உள்ளே நடப்பது என்ன

எஃப்டி 1991 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்து 2002 வரை தயாரானது. அதன் 13பி-ஆர்இடபிள்யூ எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. தலா 654 சிசி கொண்ட இரண்டு ரோட்டர்கள், மொத்தம் 1,308 சிசி. ஆரம்பத்தில் 255 குதிரைத்திறன், 1999-இல் ஜப்பானிய மாடல்களில் 280. ரோட்டரி எஞ்சினுக்குக் கீழ் வேகத்தில் இழுவை குறைவு. பெரிய டர்போ மாட்டினால் அது சுற்ற ஆரம்பிக்கும் வரை காத்திருக்க வேண்டும். சின்னது மாட்டினால் மேலே மூச்சுத் திணறும். அதனால் மாஸ்டா, 1990-இல் யூனோஸ் காஸ்மோவில் பயன்படுத்திய உத்தியை இதிலும் கொண்டுவந்தது.

சுமார் 4,500 ஆர்பிஎம் வரை எக்ஸாஸ்ட் முழுவதும் முதல் டர்போவுக்கே போகும். மாறும் நேரம் நெருங்கும்போது ஒரு சின்ன வால்வு கொஞ்சம் எக்ஸாஸ்டை இரண்டாவது டர்போவுக்குத் திருப்பி, அதை முன்கூட்டியே சுற்ற வைக்கும். அப்போது அது தள்ளும் காற்று இன்னும் எஞ்சினுக்குத் தேவையில்லை, அதனால் ஒரு ரிலீஃப் வால்வு வழியாக வெளியே போகும். பிறகு டர்போ கன்ட்ரோல் வால்வு திறக்கும், ரிலீஃப் வால்வு மூடும், சார்ஜ் கன்ட்ரோல் வால்வு திறந்து இரண்டாவது டர்போவின் காற்றும் எஞ்சினுக்குப் போய்ச் சேரும். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்க வேண்டும்.

இவற்றை இயக்குவது மோட்டார்கள் அல்ல, வேக்யூமும் பூஸ்ட் அழுத்தமும். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் சொலினாய்டுகள் (மின்சாரத்தில் திறந்து மூடும் சின்ன வால்வுகள்) வரிசையாக இருக்கும் ஒரு தட்டு, அதைச் சுற்றிப் பல டஜன் மெல்லிய ரப்பர் ஹோஸ்கள், காற்றை ஒரே பக்கம் மட்டும் விடும் செக் வால்வுகள். கிட்டத்திலேயே டர்போக்களின் வெப்பம். முப்பது வருஷம் அந்தச் சூட்டில் கிடந்த ரப்பர் கல்லாக இறுகி, தொட்டால் நொறுங்கும். பழுதுகளில் பெரும்பாலானவை இங்கேதான். டர்போக்களைக் குறை சொல்ல அதிகம் இல்லை.

எந்த வழியானாலும் முதலில்

கம்ப்ரஷன் பாருங்கள், அதாவது எஞ்சின் உள்ளே காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று. ரோட்டருக்கு மூன்று முகங்கள். சாதாரண கேஜ் மூன்றில் அதிகமானதை மட்டும் பிடித்துக் காட்டும், ஒரு முகம் செத்திருந்தாலும் தெரியாது. அதனால் கேஜின் வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு முள்ளின் மூன்று துடிப்பும் ஒரே உயரத்துக்கு எழுகிறதா என்று பார்க்க வேண்டும். 250 ஆர்பிஎம் வேகத்துக்கு மாஸ்டா ஒரு கீழ் எல்லை சொல்கிறது. அதற்கும் கீழே இருந்தால் டர்போ பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான்.

அப்புறம் ஒரு பூஸ்ட் கேஜ். பல எஃப்டிகளின் கம்பெனி டேஷ்போர்டில் அது கிடையாது. அதோடு தனியாக ஒரு கூலன்ட் வெப்ப கேஜும் வாங்குங்கள். கார் காட்டும் வெப்பமுள் ஒரு பெரிய இடைவெளி முழுவதும் நடுவிலேயே நிற்கும், அது அசைவதைப் பார்க்கும்போது காரியம் கைமீறியிருக்கும். பிளாஸ்டிக் ஏர் செப்பரேட்டர் தொட்டி இன்னும் இருந்தால் அலுமினியத்துக்கு மாற்றுங்கள், அது வெடித்துக் கூலன்ட் போன எஞ்சின்கள் ஏராளம்.

முதல் வழி: பழையபடி கொண்டுவருவது

ஆரோக்கியமான எஃப்டியில் மூன்றாவது கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பூஸ்ட் கேஜின் முள் 3,000 ஆர்பிஎம்முக்கு முன்பே 10 பிஎஸ்ஐ தொடும். 4,500-இல் ஒரு நொடி 8-க்கு இறங்கி மீண்டும் 10-க்கு வரும். இந்த 10-8-10 வரிசைதான் அளவுகோல்.

அது எங்கே உடைகிறது என்பதே பழுது எங்கே என்று சொல்லிவிடும். கீழே பூஸ்ட் வராமல் 4,500-க்கு மேல் சரியாக வந்தால், டர்போ கன்ட்ரோல் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது சார்ஜ் கன்ட்ரோல் வால்வு வழியாக முதல் டர்போவின் காற்று பின்னோக்கிக் கசிகிறது. கீழே நன்றாக இருந்து மேலே பாதியாக விழுந்தால், இரண்டாவது டர்போ சேரவில்லை, அல்லது ரிலீஃப் வால்வு மூடாமல் அதன் காற்று வெளியே போகிறது. இரண்டு பக்கமும் குறைவாக இருந்தால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய் இணைப்புகளை முதலில் பாருங்கள். கழன்ற ஒரு கிளாம்ப் போதும்.

அடுத்து, கையால் இழுக்கும் வேக்யூம் பம்ப். வேக்யூமில் இயங்கும் ஒவ்வொரு ஆக்சுவேட்டரின் (வால்வைத் தண்டால் தள்ளி இழுக்கும் சின்னக் குடுவை) ஹோஸையும் கழற்றி அதில் பம்பை மாட்டி இழுங்கள். தண்டு தடையின்றி நகர வேண்டும், பம்பின் முள் அப்படியே நிற்க வேண்டும். முள் மெல்ல இறங்கினால் உள்ளே இருக்கும் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. தண்டு விக்கி விக்கி நகர்ந்தால் வால்வின் கீலில் கரி படிந்திருக்கிறது. செக் வால்வை வாயால் ஊதியே சோதிக்கலாம். ஒரு பக்கம் காற்று போக வேண்டும், மறுபக்கம் துளியும் போகக் கூடாது. சொலினாய்டுக்கு 12 வோல்ட் கொடுத்தால் "டிக்" சத்தம் கேட்கும். ஆனால் சத்தத்தை மட்டும் நம்பாமல் காற்று வழி மாறுகிறதா என்றும் ஊதிப் பாருங்கள், அடைபட்ட சொலினாய்டும் டிக் என்றுதான் சொல்லும்.

ஹோஸ் மாற்றுவதற்கு மேல் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும். பழைய ஹோஸ் ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் படம் எடுத்து, இரு முனையிலும் ஒரே எண் போட்ட டேப் ஒட்டுங்கள். எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டு வரைபடத்தை வைத்துப் பொருத்தலாம் என்று நினைப்பது வம்பு. ஒன்றை எடுத்து, அதே நீளத்துக்குச் சிலிகோன் ஹோஸ் வெட்டி, மாட்டி, கட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். செலவு என்று பார்த்தால் மூன்று வழிகளில் இதுதான் மிகக் குறைவு, பழைய சொலினாய்டுகள் தேறினால். எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டி வந்தால் கணக்கு மாறும்.

இந்த வழியில் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் எக்ஸாஸ்ட். டர்போவுக்குப் பின்னால் இருக்கும் முன் கேட்டலிடிக் கன்வர்ட்டரை எடுத்து நேர் பைப் போட்டால் பானெட்டுக்குள் வெப்பம் குறையும், உண்மைதான். ஆனால் அதோடு சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினால் எக்ஸாஸ்ட் தடையின்றி ஓடும். மிஞ்சிய எக்ஸாஸ்டை டர்போவுக்குப் போகாமல் திருப்பும் வால்வான கம்பெனி வேஸ்ட்கேட்டின் சின்னத் துளையால் அதைத் திருப்பிவிட முடியாது. 10-இல் நிற்க வேண்டிய முள் ஆர்பிஎம் ஏற ஏறத் தானாகவே மேலே போகும். எஞ்சினின் கணினியான பழைய ஈசியூ அதற்கேற்ற பெட்ரோலைக் கொடுக்காது. எரிபொருள் குறைந்து நாக்கிங் (கட்டுப்பாடற்ற வெடிப்பு) வந்தால், ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள அபெக்ஸ் சீல் உடைய ஒரே தடவை போதும். பிஸ்டன் எஞ்சின் சில தடவை தாங்கும், இது தாங்காது. நேர் பைப் போட்டால் வேஸ்ட்கேட் துளையைப் பெரிதாக்குவதும், பவர் எஃப்சி போன்ற மாற்று ஈசியூ போட்டு ட்யூன் செய்வதும் கட்டாயம்.

ட்யூன் செய்த கம்பெனி டர்போக்களில் சக்கரத்தில் ஏறக்குறைய 350 குதிரைத்திறன் வரை எடுக்கலாம். 1,300 கிலோவை ஒட்டிய காருக்கு அது சாதாரணமில்லை.

இரண்டாவது வழி: இரண்டும் ஒன்றாக

இதில் இரண்டு விதம் உண்டு. டர்போ கன்ட்ரோல் வால்வைத் திறந்த நிலையில் கம்பியால் கட்டி, ரிலீஃப் வால்வை அடைத்து, சார்ஜ் கன்ட்ரோல் வால்வைத் திறந்து வைத்துவிடுவது ஒன்று. ஒரு சனி ஞாயிறில் முடியும், வேண்டாம் என்றால் திரும்பவும் மாற்றலாம். டர்போக்களை இறக்கி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் உள்ளே இருக்கும் கதவுகளையே எடுத்துவிடுவது இன்னொன்று. காற்றோட்டம் இதில் நன்றாக இருக்கும், திரும்பும் வழி கிடையாது.

லாபம் என்ன? ஹோஸ்களில் பெரும்பகுதி காணாமல் போகும். 4,500-இல் வரும் பள்ளமும் உதையும் இருக்காது. பந்தயத் தடத்தில் ஓட்டுபவருக்கு இது பெரிய விஷயம். ஈரமான வளைவின் நடுவில், ஆக்சிலரேட்டர் அப்படியே இருக்க, இரண்டாவது டர்போ சேர்ந்து பின்சக்கரம் வழுக்குவது ஆபத்து. தடத்தில் ஆர்பிஎம் 5,000-க்குக் கீழே வருவதே அபூர்வம் என்பதால் இழப்பதும் அதிகமில்லை.

சாலையில் கதை வேறு. முழு பூஸ்ட் 3,000-ஐத் தாண்டித்தான் வரும், சில கார்களில் 3,500-ஐ ஒட்டி. அதற்குக் கீழே கார் சோம்பலாக இருக்கும். மேலே கூடுதல் சக்தியும் கிடையாது, ஏனென்றால் டர்போக்கள் அதே டர்போக்கள். கீழ் இழுவையைக் கொடுத்து எளிமையை வாங்குகிறோம், அவ்வளவுதான். தினசரி ஓட்டும் காரில் இதை நான் செய்ய மாட்டேன். கம்பி கட்டும் முறையைச் சோதனைக்காக வேண்டுமானால் பயன்படுத்தலாம். கட்டிய பிறகு மேலே பூஸ்ட் ஒழுங்காக வந்தால் டர்போக்கள் நல்லவை, குற்றவாளி ஹோஸ் பக்கம் என்று உறுதியாகும்.

மூன்றாவது வழி: ஒற்றை டர்போ

400 குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும் என்பவருக்கு வேறு பேச்சில்லை. போர்க்வார்னர் இஎஃப்ஆர் 8374 மாதிரியான நவீன டர்போ, அளவான மேனிஃபோல்டோடு, 3,500-ஐ ஒட்டி நல்ல பூஸ்ட் கொடுக்கும். டைட்டானியம் அலுமினைடில் செய்த அதன் டர்பைன் எடை குறைவு, அதனால் சீக்கிரம் சுற்றும். முந்தைய தலைமுறையின் பெரிய டர்போக்கள் 4,000-ஐத் தாண்டித்தான் விழிக்கும். பானெட்டைத் திறந்தால் எஞ்சின் கண்ணுக்குத் தெரியும், கை போக இடம் இருக்கும், அடுத்த பழுது பார்ப்பது சுலபம். இந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் டர்போவின் விலையை மட்டும் பார்த்து முடிவு எடுத்தால் பாதியில் நின்றுவிடுவீர்கள். மேனிஃபோல்டு, தனி வேஸ்ட்கேட், கீழ் பைப், ஆயில் போகவும் திரும்பவும் குழாய்கள், பெரிய இன்டர்கூலர், ரேடியேட்டர், கிளட்ச் என்று பட்டியல் நீளும். கம்பெனி இன்ஜெக்டர்கள் 550 சிசியில் இரண்டு, 850 சிசியில் இரண்டு. பெரிய டர்போவுக்கு அவை போதாது, இரண்டாம் ஜோடியையாவது பெரிதாக்கி, பெட்ரோல் பம்பையும் மாற்ற வேண்டும். ஈசியூ ஹால்டெக் மாதிரி முழுவதும் ட்யூன் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். மாட்டும் வேலையை வீட்டில் செய்யலாம். ட்யூனிங்கை மட்டும் ரோட்டரி தெரிந்தவரிடம் டைனோவில் (காரின் சக்தியை அளக்கும் மேடை) செய்யுங்கள்.

சட்டமும் இருக்கிறது. அமெரிக்காவில் சாலைக் காரின் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றுவதே குற்றம், கலிஃபோர்னியாவில் பானெட்டைத் திறந்தும் பார்ப்பார்கள். ஜப்பானில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஷாக்கென் ஆய்வையும் தாண்டியாக வேண்டும். இந்த இடத்தில் முதல் வழிக்காரருக்குத் தலைவலி மிகக் குறைவு.

என் கணக்கு மாறும் இடம் ஒன்று உண்டு. டர்போ தண்டு கையால் அசைத்தால் உள்சுவரில் உரசுகிறது, ஆயில் சீல் போய் சிக்னலில் நிற்கும்போது புகை வருகிறது, மேனிஃபோல்டிலும் விரிசல் என்றால், நல்ல இரட்டை டர்போ தேடி வாங்கும் செலவு ஒற்றை டர்போவுக்கு மாறும் செலவை நெருங்கிவிடும். அப்போது மாறுவதில் நியாயம் இருக்கிறது. அப்படி மாறினாலும் சொலினாய்டுத் தட்டு, ஆக்சுவேட்டர்கள், பைப்புகள் எதையும் விற்றுவிடாதீர்கள். எண் டேப்போடு ஒரு பெட்டியில் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பழைய எஃப்டிகளைத் தேடி வாங்குபவர்கள் அந்தப் பெட்டி இருக்கிறதா என்று முதலில் கேட்கிறார்கள்.