நாய்க்குட்டியும் குளியலும்: எந்த வழி அச்சமில்லாமல் பழக்குகிறது?

நாய்க்குட்டி வந்த வீட்டில் முதல் வாரத்திலேயே எழும் கேள்வி, அதை எப்போது குளிப்பாட்டலாம் என்பது. எப்படிக் குளிப்பாட்டினால் அது வாழ்நாள் முழுவதும் திமிறாமல் நிற்கும் என்ற கேள்வி அப்போது யாருக்கும் தோன்றுவதில்லை. தோன்றும்போது குட்டி 30 கிலோ எடையுள்ள நாயாக வளர்ந்து, இரண்டு பேர் சேர்ந்து பிடித்தாலும் உருவிக்கொண்டு ஓடும் நிலைக்கு வந்திருக்கும். எங்கள் வீட்டின் முதல் நாய் அப்படித்தான் ஆனது. அது லாப்ரடார்; நீரில் இறங்கி வேலை செய்வதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம். குளத்தைக் கண்டால் பாய்ந்து இறங்கும் அந்த நாய், குளியலறையில் வாளி நகரும் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும். அதற்குத் தண்ணீர் பயமில்லை, நாங்கள் குளிப்பாட்டிய விதமே பயம் என்று எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. அந்த வருத்தத்தோடுதான், அடுத்து வந்த தெருக்குட்டிக்கு எது பொருந்தும் என்று ஒவ்வொரு வழியாக எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். குளியலில் குட்டியை மிரட்டுபவை எவை என்று கூர்ந்து பார்த்தால், வழுக்கும் தரை, தலையில் திடீரென்று விழும் நீர், மூடிய அறையில் எதிரொலிக்கும் சத்தம், இறுகப் பிடிக்கும் கை, கண்ணெரிச்சல், சாத்திய கதவு ஆகிய ஆறும் தனித்தனியே தெரியவரும். அழுக்கு எவ்வளவு போகிறது என்பதை எந்த முறையிலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். இந்த ஆறில் எத்தனையை ஒரு முறை குறைக்கிறது என்பதை வைத்தே அதை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

நம் வீடுகளில் பரவலாக இருப்பது, குட்டியைப் பிடித்துவைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடும் வழி. ‘நாலு தடவை ஊற்றினால் தானாகப் பழகிவிடும்’ என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். நேரம் குறைவு, தயாரிப்பு எதுவும் வேண்டாம் என்பவை இதன் வசதிகள். துணிச்சலான சில குட்டிகள் இந்த முறையிலும் உண்மையாகவே பழகிவிடுகின்றன. ஆனால் மூன்றாம் நான்காம் குளியலில் குட்டி அசையாமல் நிற்பதைப் பார்த்து அது பழகிவிட்டது என்று முடிவு செய்வதில்தான் பிழை நேர்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்து நடத்தி 1967இல் வெளியிட்ட சோதனைகள், தப்பிக்க வழியே இல்லாத துன்பத்துக்கு உள்ளான நாய்கள், பின்னர் வழி திறந்திருந்தபோதும் முயலாமல் கிடந்ததைக் காட்டின. அந்தச் சோதனைகளின் கடுமையும் நம் குளியலறையும் ஒன்றல்ல. என்றாலும், அசைவின்மை வேறு, அமைதி வேறு என்பதை அவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். வால் வயிற்றுக்கடியில் ஒட்டியிருக்கிறதா, உதட்டை அடிக்கடி நக்குகிறதா, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிகிறதா, தூக்கமில்லாத வேளையில் கொட்டாவி விடுகிறதா, நீட்டிய தின்பண்டத்தை மறுக்கிறதா என்று பார்த்தால், சிலைபோல நிற்கும் குட்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்பது விளங்கிவிடும்.

இதற்கு எதிர்முனையில் இருப்பது, இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகப் பழக்கும் வழி. இதன் அடிப்படை நாய்களைப் பற்றிய ஆய்வில் மட்டும் வேர்கொண்டதன்று. முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்துக்கொண்டே முயலை ஒவ்வொரு நாளும் சற்று அருகில் கொண்டுவந்து அச்சத்தைப் போக்கிய உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் தம் ஆய்வை 1924இல் வெளியிட்டார். அஞ்சுகிற பொருளின் அளவைத் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைத்து, அதோடு ஓர் இன்பத்தை இணைப்பதுதான் இதன் சூட்சுமம். குட்டிக்கு இதையே செய்ய, முதல் வாரத்தில் காய்ந்த பிளாஸ்டிக் பேசினை நடுக்கூடத்தில் வைத்து அதற்குள் சாப்பாடு போடலாம். தானே ஏறட்டும், தானே இறங்கட்டும். அடுத்த வாரம் வெதுவெதுப்பான நீர் கால் விரல் நனையும் அளவுக்கு, ஈரத்துணியால் முதுகில் ஒரு துடைப்பு, வெறும் குவளையை உடம்பில் தொட்டு எடுப்பது. அதன்பின் பின்கால்களில் மட்டும் நீர், பிறகு முதுகு, கடைசியில்தான் ஷாம்பு. ஒரு நாளைக்கு மூன்று நிமிடம் போதும். இதன் குறை வெளிப்படையானது: வீட்டில் ஒருவராவது தவறாமல் நேரம் ஒதுக்க வேண்டும், நடுவில் பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோ ‘இதென்ன விளையாட்டு’ என்று ஒரு வாளி நீரை மேலே ஊற்றிவிட்டால், பல நாள் உழைப்பு ஒரே நிமிடத்தில் கரைந்துபோகும்.

இவ்விரண்டுக்கும் நடுவே, தடுப்பூசி முழுவதும் முடியும்வரை குளியலே வேண்டாம் என்று காத்திருக்கும் வழியும் உண்டு. கால்நடை மருத்துவர்கள் பலர் இதைச் சொல்வதால் இதற்கு மதிப்பு அதிகம். சிறு குட்டிகளின் உடல் விரைவில் குளிர்ந்துவிடும் என்பதால் அந்த எச்சரிக்கையில் நியாயமும் இருக்கிறது. சிக்கல் காலக்கணக்கில் வருகிறது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்துக் கண்டறிந்தபடி, புதியவற்றை அச்சமின்றி ஏற்கும் பருவம் ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டாம் வாரத்தை ஒட்டிக் குறைந்துவிடுகிறது. குட்டி நம் கைக்கு வருவதோ பெரும்பாலும் எட்டாம் வாரத்தில். தடுப்பூசிகள் வரிசையாக முடியப் பதினாறாம் வாரம் ஆகிவிடுகிறது. அதுவரை எதையும் செய்யாமல் காத்திருந்தால், கதவு மூடிய பிறகு தட்டுவதாகிவிடும். ஆனால் மருத்துவர் வேண்டாம் என்பது முழுக் குளியலைத்தான். காய்ந்த பேசின், ஈரத்துணி, குவளையின் தொடுகை ஆகியவற்றை அவர் தடுப்பதில்லை. ஆகவே காத்திருத்தலும் படிப்படியான பழக்கமும் எதிரெதிர் வழிகள் என்று நான் இப்போது கருதுவதில்லை. குளியலை ஒத்திப்போட்டுவிட்டு ஒத்திகையை மட்டும் உடனே தொடங்குவதே எட்டு வாரக் குட்டிக்கு ஏற்றது.

அடுத்து, எதைக் கொண்டு நீர் ஊற்றுவது. வாளியும் குவளையும், ஹோஸ் குழாய், கை ஷவர் என்று மூன்று இருக்கின்றன. தோட்டமுள்ள வீடுகளில் ஹோஸ் குழாய்க்குத்தான் முதலிடம்; வளர்ந்த நாய்க்கு அது வேலையைச் சுருக்கும். ஆனால் குட்டிக்கு அது மிக மோசமான அறிமுகம் என்றே சொல்வேன். பீய்ச்சும் வேகமும் சீறும் சத்தமும் ஒருபுறம் இருக்க, சித்திரை வெயிலில் தரையில் கிடந்த குழாய்க்குள் தேங்கிய நீர் தோலைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் நீரும் பிற்பகலில் அப்படித்தான். எங்கள் லாப்ரடாரின் முதல் குளியல் ஒரு மே மாத நண்பகலில் ஹோஸ் குழாயால் நடந்தது. குழாயில் தேங்கியிருந்த நீரை முதலில் வெளியே விட வேண்டும் என்பது எனக்கு அன்று தெரியவில்லை.

கை ஷவர் அடுக்குமாடி வீடுகளுக்கு ஏற்றது; அதன் முகப்பை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் சத்தம் பாதியாகக் குறைந்து, நீரும் மயிரை ஊடுருவித் தோல்வரை போகும். இருந்தாலும் அந்த முதல் ‘ஸ்ஸ்’ ஒலிக்கே தனியாகச் சில நாள் பழக்கம் தேவைப்படும். வாளியில் அந்தத் தொல்லை இல்லை. முழங்கையை விட்டுப் பார்த்து, சூடும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல் நீரை முன்கூட்டியே கலந்துவைக்கலாம். ஒரே சூடு கடைசிவரை மாறாது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். குவளையை உயரே தூக்கி சடாரென்று கவிழ்ப்பதை மட்டும் கைவிட வேண்டும். குவளையின் விளிம்பை முதுகில் பதித்து, நீர் அங்கிருந்து வழிந்து இறங்கும்படி சாய்த்தால், குட்டிக்கு அது ஊற்றுவதாகவே தோன்றாமல் தடவிக்கொடுப்பதுபோல இருக்கும். முகத்துக்கும் காதுக்கும் எந்தக் கருவியும் வேண்டாம், பிழிந்த துணி போதும். நாயின் காதுக்குழல் கீழே இறங்கி உள்ளே வளைவதால் புகுந்த நீர் எளிதில் வெளியேறாது.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொல்லைப்புறத் துவைக்கும் கல் அருகே எதிரொலியும் இல்லை, சாத்திய கதவும் இல்லை. குளியலறையில் இரண்டும் உண்டு. எங்கு என்றாலும் காலடியில் ஒரு கோணிச் சாக்கோ ரப்பர் விரிப்போ போட்டுவிட்டால் ஆறு அச்சங்களில் முதலாவது அப்போதே தீர்ந்தது.

தின்பண்டத்தைக் கையாளுவதிலும் இரண்டு வழக்கங்கள் மோதுகின்றன, இதைப் பலர் கவனிப்பதில்லை. பிஸ்கட்டைக் காட்டிக் குட்டியைக் குளியலறைக்குள் வரவழைத்துக் கதவைச் சாத்துவது ஒன்று. முதலில் நீர், அது படுகிற கணத்தில் உணவு என்ற வரிசை மற்றொன்று. பாவ்லோவின் நாய்களுக்கு மணியோசை உணவை அறிவித்ததுபோல, முந்தி வருவது பிந்தி வருவதன் அறிகுறியாகிவிடும். பிஸ்கட் முந்தி வந்தால், ஒரு மாதத்தில் பிஸ்கட்டே குளியலின் முன்னறிவிப்பாகி, குட்டி அதைக் கண்டு பின்வாங்கத் தொடங்கும். நீர் முந்தி வந்தால், நீர் பட்டதும் ‘எங்கே என் பங்கு’ என்று நிமிர்ந்து பார்க்கும். துண்டு துண்டாகக் கொடுப்பதைவிட, தட்டில் கெட்டித் தயிரை மெல்லப் பூசி பேசினுக்குள் வைப்பது எனக்கு நல்ல பலன் தந்தது. நக்கும் செயலே நாயைத் தணிக்கிறது, இரண்டு கைகளும் நமக்கு ஓய்வாகக் கிடைக்கின்றன. வேர்க்கடலை வெண்ணெய் பூசுபவர்கள் அதில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்திருக்கிறதா என்று டப்பாவைக் கட்டாயம் படித்துப் பார்க்க வேண்டும். சிறிதளவே நாயின் உயிருக்கு ஆபத்தாகும்.

லண்டனில் பணிபுரிந்த நாய்ப் பயிற்சியாளர் சிராக் பட்டேல் உருவாக்கிய ‘வாளி விளையாட்டு’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. தின்பண்டம் நிறைந்த சிறு வாளியை நாய் பார்த்துக்கொண்டிருக்கும்வரை வேலை தொடரும். அது பார்வையை விலக்கினால் நம் கை நின்றுவிடும். நிறுத்தும் உரிமை தன்னிடம் இருப்பதை அறிந்த விலங்கு தப்பி ஓடத் துடிப்பதில்லை என்பதே இதன் நுட்பம். பொறுமை அதிகம் கேட்கும் வழி இது. ஆயினும் நகம் வெட்டவும் காது மருந்து விடவும் இதே பயிற்சி உதவுவதால், தயிர்த் தட்டில் தொடங்கியவர்கள் நான்காம் மாதத்தில் இதற்கு மாறுவது நல்லது.

எங்கள் தெருக்குட்டியின் முதல் முழுக் குளியல் அதன் பதினோராம் வாரத்தில் நடந்தது. நான்காம் நிமிடத்தில், முதுகில் நுரையோடு பேசினை விட்டு இறங்கி முற்றத்தில் போய் நின்றது. பிடிக்கப் போகவில்லை. ஒரு நிமிடம் கழித்து மிச்சத் தயிரை நக்கத் தானே திரும்பி வந்து ஏறியது. நுரையைக் கழுவி முடித்தோம்.

தேய்ப்பது எதை என்பதில் எனக்குச் சமரசம் இல்லை. நம் மேல்தோல் பத்து முதல் பதினைந்து அடுக்குச் செல்கள் கொண்டது, நாயுடையது மூன்று முதல் ஐந்து அடுக்குகளே. அதன் தோலின் அமிலத்தன்மையும் நம்முடையதைவிடக் குறைவு. ஆகவே நம் சோப்பு அதற்கு ஏற்றதல்ல. சீயக்காய் இயற்கையானது என்பது உண்மை, ஆனால் தீபாவளி எண்ணெய்க் குளியலில் அது கண்ணில் பட்டு அழுத எவரும் குட்டிக்கு அதைத் தேய்க்க மாட்டார்கள். குட்டிகளுக்கென்று விற்கும் மென்மையான ஷாம்பு, அதுவும் நீரில் கரைத்தது, போதுமானது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற குட்டை மயிர் நாட்டு இனங்களுக்கு மாதம் ஒரு குளியலே தாராளம். ஷிட்ஸூ போன்ற நீள்மயிர் இனங்களுக்கு அடிக்கடி தேவைப்படும். பிப்ரோனில் என்ற வேதிப்பொருள் அடங்கிய உண்ணி மருந்தைக் கழுத்தில் சொட்டுவதாக இருந்தால், அதற்கு முன்னும் பின்னும் 48 மணி நேரம் குளியலைத் தவிர்க்க வேண்டும்.

நாய்களைக் குளிப்பாட்டிச் சீர்செய்து தரும் க்ரூமிங் பார்லரை நான் முற்றாக மறுக்கவில்லை. நீள்மயிர் இனங்களுக்குச் சிக்கெடுக்கும் திறமை அங்கே இருக்கிறது. ஆனால் முதல் குளியலுக்கு அதைத் தேர்ந்தெடுப்பது, ஆறு அச்சங்களோடு அந்நியர் கை, பிற நாய்களின் குரைப்பு, காற்றுக் கருவியின் இரைச்சல், மேசையில் கழுத்துக் கட்டு ஆகியவற்றையும் ஒரே நாளில் குட்டியின் மேல் ஏற்றுவதாகும். ஒரு முறை உறவினரின் குட்டியை அழைத்துப்போனேன். உரிமையாளர் வெளியே காத்திருக்க வேண்டும் என்றார்கள், இரண்டு மணி நேரம் கழித்து வந்த குட்டி மணமாக இருந்தது, நடுங்கிக்கொண்டும் இருந்தது. உடனிருக்க அனுமதிக்கும் இடமாகப் பார்த்து, தடுப்பூசி முடிந்தபின், குளிப்பாட்டாமலே இரண்டு முறை கூட்டிப்போய்த் தின்பண்டம் கொடுத்துத் திரும்பிவந்தால், மூன்றாம் முறை பயன் தரும்.

உலர்த்துவதிலும் துண்டுக்கும் ஹேர் டிரையருக்கும் இடையே இதே கதைதான். நம் ஊர் வெயிலில் குட்டை மயிர்க் குட்டிக்கு இரண்டு பருத்தித் துண்டுகளும் நிழலில் அரைமணி நேர ஓட்டமும் போதும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் மயிரடர்ந்த இனங்களுக்கு டிரையர் தவிர்க்க முடியாதது. அதைப் பக்கத்து அறையில் ஓடவிட்டுச் சத்தத்துக்கு முதலில் பழக்கி, பிறகு குறைந்த சூட்டில், நம் உள்ளங்கையை இடையில் வைத்துச் சூடு பார்த்தபடி காட்ட வேண்டும். வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. அவற்றுக்கு இரைச்சல் ஒரு பொருட்டில்லை, ஆனால் பின்னாலிருந்து திடீரென்று படும் காற்றும் கையும் தூக்கிவாரிப் போடும். அத்தகைய குட்டியிடம் எப்போதும் முகத்துக்கு நேரே வந்து, தோளில் இரு விரல் வைத்து, அது திரும்பிப் பார்த்த பிறகே துண்டை விரிக்க வேண்டும்.