சீக்கிரம் வாங்கினவனுக்கு 619.50, கடைசி நேரத்துல வாங்கினவனுக்கு 423.60: எங்க ஊர்ப்பக்க இசை விழா டிக்கெட் கதை

போன மாசம் காரைக்குடிகிட்ட கானாடுகாத்தான் பக்கத்துல ஒரு பழைய வீட்ல மூணு நாள் இசை விழா நடந்துச்சு. பேரு வேண்டாம், போனவங்களுக்குத் தெரியும். பாட்டு எப்படின்னு ஏற்கனவே நிறைய பேர் சொல்லிட்டாங்க, நல்லாத்தான் இருந்துச்சு, அதுல எனக்குச் சண்டையே இல்ல. நான் பேச வந்தது டிக்கெட் மட்டும்தான், ஏன்னா அன்னைலருந்து அந்தக் கணக்கு மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு, வீட்ல சொன்னா "விடுங்க"ங்குறா, அதான் இங்க கொட்டுறேன்.

விலை இப்படி. சீசன் பாஸ் மூணு நாளைக்கு ஏர்லி பேர்ட்ல, அதாவது முன்கூட்டி வாங்கினா, 1,500, அப்புறம் 2,100. ஒரு நாள் டிக்கெட் 800. பாக்குறதுக்கு ஒன்னும் பெருசா தெரியாது, ஆனா பணம் கட்டுற இடத்துக்குப் போனா 18 சதவீதம் ஜிஎஸ்டி 270, கன்வீனியன்ஸ் ஃபீஸ் 75, அந்த ஃபீஸுக்கும் ஜிஎஸ்டி 13.50, ஆக 1,500 ரூவா பாஸ் 1,858.50க்கு வந்து நிக்கும். யாரோட கன்வீனியன்ஸுன்னு தெரியல, நான்தான் என் போன்ல, என் டேட்டால, க்யூஆர் கோட டவுன்லோடு பண்ணி, சார்ஜ் போட்டு வச்சு கொண்டு போனேன். எனக்கும் வீட்டுக்காரிக்கும் ரெண்டு பாஸ், 3,717 ரூவா, ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே போட்டாச்சு. ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு 619.50. பரவால்ல சீப்பா முடிச்சிட்டோம்னு ஒரு பெருமை வேற.

இங்க ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. கச்சேரி மாதிரி நிகழ்ச்சிக்கு டிக்கெட் ஆளுக்கு 500 ரூவா வரைக்கும் இருந்தா ஜிஎஸ்டியே கிடையாது, 500அத் தாண்டினா மொத்த தொகைக்கும் 18 சதவீதம். அதாவது 500 ரூவா டிக்கெட்டுக்கு நம்ம குடுக்குறது 500. அதையே 600ன்னு வச்சா நம்ம குடுக்குறது 708, விழா நடத்துறவங்களுக்கு 100 கூட, அரசாங்கத்துக்கு 108. நடத்துறவங்களுக்குக் கிடைக்கிறதவிட வரி ஜாஸ்தி! இத ஒரு ஆடிட்டர்ட்ட அஞ்சு நிமிஷம் கேட்டிருந்தா ஒரு சாயங்கால டிக்கெட்ட 500லயே நிறுத்தியிருப்பாங்க. காலேஜ் பசங்களுக்கு ஐடி காட்டினா 30 சதவீதம் தள்ளுபடின்னு போட்டாங்க, நல்ல எண்ணம்தான், ஆனா 800ல 30 சதவீதம் போனா 560, அதுக்கு வரி போட்டா 660.80. இன்னொரு 60 ரூவா குறைச்சிருந்தா பசங்களுக்கு 160 ரூவா மிச்சமாயிருக்கும். காரைக்குடி பக்கம் காலேஜ் பசங்களுக்கா பஞ்சம்? அழகப்பா யூனிவர்சிட்டி பக்கமிருந்து மட்டும் நாலு பஸ் ரொப்பலாம். அவங்க வரல. வந்த பசங்க பாதி பேர் வாலண்டியர் டீ-சர்ட் போட்டிருந்தாங்க.

இப்ப மெயின் கதைக்கு வரேன். ஞாயித்துக்கிழமை நாதஸ்வரம்னு போஸ்டர்ல பாத்துட்டு எங்க அப்பத்தா "என்னையும் கூட்டிட்டுப் போடா"ன்னு சொல்லிட்டாக. 78 வயசு, அவுகளா வெளிய வரேன்னு கேக்குறதே வருஷத்துக்கு ஒரு தடவ. வெள்ளிக்கிழமை காலைல உக்காந்து ஒரு நாள் டிக்கெட் போட்டேன், 800, வரி, ஃபீஸு எல்லாம் சேத்து 991.20. சீனியர் சிட்டிசன் தள்ளுபடின்னு ஒரு கட்டமே அந்தப் பக்கத்துல இல்ல. சரி போகட்டும். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு இருக்கேன், வாட்ஸப்ல வருது: "நாளை நிறைவு நாள், ஃப்ளாட் 50 சதவீதம்!" 400 ரூவா. 500க்குக் கீழ போனதால வரியும் இல்ல. ஃபீஸோட 423.60. எதிர்வீட்டு அண்ணன் குடும்பத்தோட நாலு டிக்கெட் போட்டுட்டு என்ட்ட வந்து "நீ எவ்வளவுக்கு தம்பி எடுத்த?"ன்னு கேக்குறார். நான் டிவி சவுண்ட கூட்டிட்டேன்.

ரெண்டு மாசம் முன்னாடி நம்பி காசு கட்டினவனுக்கு ஒரு நாளைக்கு 619.50, முந்தின நாள் மத்தியானம் வரைக்கும் கண்டுக்காம இருந்தவருக்கு 423.60. அப்ப ஏர்லி பேர்டுங்குறது யாருக்கு? மெயில் போட்டு வித்தியாசத்தையாவது கூப்பனா குடுங்கன்னு கேட்டேன், "டிக்கெட் விலைகள் மாற்றத்துக்கு உட்பட்டவை"ன்னு ரெண்டு வரி பதில்.

காலியா கெடக்குற நாற்காலிக்கு ராத்திரி தாண்டினா மதிப்பு இல்ல, அது எனக்கும் புரியுது. கொப்புடையம்மன் கோயில் வாசல்ல பூக்காரம்மாவப் பாருங்க, ராத்திரி ஒம்பது மணிக்கு மிச்சம் இருக்க மல்லிய பாதி விலைக்குத் தள்ளிடுவாங்க, நாளைக்கு அது கருத்துப் போயிடும். ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்கிட்டுப் போன வாடிக்கைக்கு ரெண்டு கண்ணி கூட வச்சுக் கட்டிக் குடுத்திருப்பாங்க, ஒம்பது மணி விலையையும் தெருவெல்லாம் மைக் வச்சு சொல்ல மாட்டாங்க. அந்த ரெண்டு சூட்சுமமும் இந்த விழாக்காரங்களுக்குத் தெரியல. இனிமே எங்க தெருவுல ஒருத்தரும் அடுத்த வருஷம் முன்கூட்டி வாங்கப் போறதில்ல, எல்லாரும் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் போனப் பாத்துட்டு இருப்பாங்க. ஆடித் தள்ளுபடி வரும்னு தெரிஞ்சா ஆனில எவன் சேலை எடுப்பான்?

லண்டன்ல இருக்க மச்சான்ட்ட இதச் சொன்னேன், அவன் சிரிக்கிறான், அங்க கதை தலகீழாம். 2024ல ஒயாசிஸ்ங்குற பாட்டுக்குழுவோட டிக்கெட்டுக்கு லட்சக்கணக்கான பேர் ஆன்லைன் க்யூல நின்னு, 150 பவுண்டுக்குப் பக்கமா இருந்த நிக்கிற டிக்கெட்டு அவங்க முறை வர்றப்ப 355 பவுண்டாயிருச்சாம், டைனமிக் ப்ரைசிங்காம். அங்க கூட்டம் பாத்து ஏத்துறாங்க, இங்க கூட்டம் இல்லாதது பாத்து இறக்குறாங்க, ரெண்டுலயும் நேரத்தோட வந்து நின்னவன்தான் முழிக்கிறான். அதே நாட்டுல கிளாஸ்டன்பரின்னு பெரிய இசை விழா, 1970ல ஒரு மாட்டுப்பண்ணைல ஆரம்பிச்சப்ப டிக்கெட் 1 பவுண்டு, பண்ணைப் பால் இலவசமாம். 2025ல 373.50 பவுண்டு. பால் இப்ப குடுக்குறாங்களான்னு கேட்டேன், போன வச்சுட்டான்.

எங்க ஊர்க்காரங்க காசு குடுக்க மாட்டாங்கன்னு ஒரு பேச்சு அந்த விழால வாலண்டியர் பசங்க வாயில கேட்டேன். கொஞ்சம் கடுப்பாயிருச்சு. சா.கணேசன் 1939ல ஆரம்பிச்ச கம்பன் கழகத்தோட விழா காரைக்குடில வருஷா வருஷம் நடக்குது, டிக்கெட் கிடையாது, யார் வேணா போய் உக்காரலாம். திருவையாறு ஆராதனைக்கும் அப்படித்தான். மார்கழில சென்னை சபாக்கள்லகூட மத்தியானக் கச்சேரி பெரும்பாலும் சும்மா, சாயங்காலம் பெரிய வித்வான் மேடை ஏறுறப்பதான் டிக்கெட். அப்படி கேட்டுப் பழகின காது. அதுக்காக காசே எடுக்க மாட்டோம்னு இல்ல, கல்யாணத்துக்கு நல்ல மேளம் வேணும்னா லட்சத்துல பேசுற ஊரு இது. ஆனா எங்காளுங்க முதல்ல கேக்குறது விலை இல்ல. யாரு வாசிக்கிறாங்க, எத்தன மணிக்கு, உக்கார நாற்காலி உண்டா, திரும்பி வர வண்டி உண்டா. இந்த நாலுக்கும் பதில் தெரிஞ்சப்புறம்தான் விலை. அந்த டிக்கெட் பக்கத்துல முதல்ல விலை இருந்துச்சு, அப்புறம் ட்ரோன் வீடியோ, எந்த வித்வான் எத்தன மணிக்குங்குறது மூணு நாளைக்கு முன்னாடிதான் வந்துச்சு.

நாற்காலி கதை தனி. வளவுல, அதான் வீட்டு உள்முத்தத்துப் பக்கம், பாய் விரிச்சிருந்தாங்க, ஆத்தங்குடி தரைக்கல்லு மேல, பாக்க அம்சமா இருந்துச்சு, போட்டோவுக்கு. நாற்காலி வேணும்னா 'ப்ரீமியம்', ஆளுக்கு 200 கூட, அங்கயே ரொக்கமா. அப்பத்தாவுக்கு முட்டி மடக்க வராது. 200 குடுத்து நாற்காலி எடுத்துட்டு வந்து போட்டேன். அவுக உக்காந்துட்டு சுத்தி பாத்துட்டு கேட்டாக: "ஏண்டா, இந்த வீட்ல நான் எத்தன கல்யாணத்துக்கு வந்திருக்கேன், வந்தவுகட்ட நாற்காலிக்குக் காசு வாங்குன வீடாடா இது?" பக்கத்துல இருந்த வாலண்டியர் பொண்ணு தலையக் குனிஞ்சிருச்சு, அது என்ன பண்ணும் பாவம்.

குரூப் ஆஃபர் 'நாலு எடுத்தா ஒன்னு ஃப்ரீ'ன்னு ஒன்னு இருந்துச்சு. ஆனா அஞ்சு பேரும் ஒரே நாள், ஒரே பில்லு, ஒரே யூபிஐ. எங்க வீட்ல அஞ்சு பேர் ஒரே நாள் ஃப்ரீயா இருக்குறது எழவுக்கும் கல்யாணத்துக்கும்தான். அப்புறம் டிக்கெட்ட வேற ஆளுக்கு மாத்த முடியாது. வீட்டுக்காரிக்கு சனிக்கிழமை முடியாம போச்சு, அவ தங்கச்சிய அனுப்பலாம்னா பேர் மாத்த வழியில்ல, அந்த ஒரு நாள் தண்டம்.

சாப்பாடு சீக்கிரம் சொல்லிடுறேன். கார்டுல கம்மியா 500 ஏத்தணும், மிச்சம் திரும்பக் கிடையாது. வெள்ளைப் பணியாரம் நாலு 120, கந்தரப்பம் ரெண்டு 100, காப்பி 40. ருசியில கொறை சொல்ல மாட்டேன், அந்த வரமிளகாச் சட்னிக்கு அரைச்ச கைக்கு வளையல் போடலாம். ஆனா 40 ரூவா கார்டுலயே செத்துப் போச்சு.

பாட்டு பத்தி பேச மாட்டேன்னு சொன்னேன், இருந்தாலும் வெள்ளிக்கிழமை வீணையச் சொல்லாம இருக்க முடியல. காரைக்குடி வீணைன்னா ஒரு காலத்துல இந்தியாவே திரும்பிப் பாத்துச்சு, சுப்பராம ஐயர் சாம்பசிவ ஐயர்னு அண்ணன் தம்பி, அண்ணன் வீணைய நிமித்து வச்சு வாசிப்பாராம், தம்பி மியூசிக் அகாடமியோட சங்கீத கலாநிதி பட்டம் வாங்கினவர். அந்த ஊர்ல வீணைக் கச்சேரிய போஸ்டர்ல எறும்பு சைஸ் எழுத்துல போட்டு, சனிக்கிழமை பேண்டுக்குப் பாதிப் போஸ்டரக் குடுத்திருந்தாங்க. வெள்ளிக்கிழமை நான் எண்ணிப் பாத்தேன், எங்களச் சேத்து 60 பேர். பர்மா தேக்குத் தூணுக்கு நடுவுல, மைக்க கம்மி பண்ணி வச்சு, அந்த வீணை அம்மா தோடி ராகம் வாசிச்சப்ப முத்தத்துல புறா கூட அசையல. அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் 1,000 ரூவா கேட்டாலும் நான் கொடுப்பேன், வரியோட.

ஞாயிறு நாதஸ்வரம் அதுக்கு நேர் எதிர். பாதி விலை மெசேஜுக்கு அப்புறம் உள்ள நல்ல கூட்டம், ஆனா நாதஸ்வரமும் தவிலும் சுவத்துக்குள்ள அடங்குற வாத்தியமா? நடுவுல போன் பேச வெளிய வந்தேன், எதிர் வீட்டுத் திண்ணை, பக்கத்து வீட்டுத் திண்ணை, தெருமுக்குல நிறுத்தின டாட்டா ஏஸ் மேல, எல்லாம் ஊர்ச்சனம். பொம்பளைங்க பிள்ளைய மடில போட்டுட்டு, ஒருத்தர் தொடைல தாளம் போட்டுட்டு, எங்களவிட நல்லா கேட்டுட்டு இருந்தாங்க. வாசல்ல நின்ன செக்யூரிட்டி மட்டும் ரெண்டு மூணு பேர "நகருங்க நகருங்க"ன்னார், யாரும் நகரல, அவங்க வீட்டுத் திண்ணை, எங்க நகர்றது? 991.20ம் 200ம் குடுத்து உள்ள உக்காந்திருந்த எங்க அப்பத்தாவுக்கு ஸ்பீக்கர் காதுக்கு நேரா இருந்ததால, "வெளிய நல்லாருக்கும் போலயே, அங்க போயிருவமா?"ன்னாக. கடைசி அரை மணி நேரம் நாங்களும் திண்ணைலதான்.

ராத்திரி பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி போடக் கூடாதுன்னு சட்டம், அதனால சரியா பத்துக்கு முடிச்சாங்க, அது பாராட்டணும். ஆனா காரைக்குடிக்கு அவங்க விட்ட வேன் கடைசி ட்ரிப் ஒம்பதரைக்கு! ஆளுக்கு 150ன்னு டிக்கெட்டோட சேத்தே வித்தாங்க அத. பத்தே காலுக்கு 15 கிலோமீட்டருக்கு ஆட்டோ 600 கேட்டார், வேற வழி, ஏறினோம்.

மொத்தக் கணக்க வீட்டுக்கு வந்து பேப்பர்ல போட்டுப் பாத்துட்டு மடிச்சு வச்சுட்டேன். பாட்டுக்கு அஞ்சுக்கு நாலரை, வீட்டுக்கு அஞ்சு, பணியாரத்துக்கு நாலு, டிக்கெட்டுக்கு ஒன்னு, அந்த ஒன்னும் க்யூஆர் கோட் ஒரே தடவைல ஸ்கேன் ஆனதுக்கு. வெளியூர்லருந்து வந்து ஹெரிடேஜ் ஹோட்டல்ல தங்குறவங்க யோசிக்காம சீசன் பாஸே எடுங்க, ரூம் வாடகை முன்னாடி இதெல்லாம் காசே இல்ல. உள்ளூர்க்காரங்க வித்வான் பேர் நேரத்தோட வர்ற வரைக்கும் கைய கட்டிட்டு இருங்க.

நேத்து ஒரு மெயில் வந்துச்சு. "எங்கள் மதிப்புமிக்க ஏர்லி பேர்ட் ரசிகருக்கு" அடுத்த வருஷ விழாவுக்கு 10 சதவீதம் தள்ளுபடி கூப்பனாம், 30 நாளுக்குள்ள பயன்படுத்தணுமாம். உள்ள போய்ப் பாத்தேன், அடுத்த வருஷ விழாவுக்கு இன்னும் தேதியே போடல.